எழுதாத விதி எழுத்தாகவே நிற்கும்: பியூர், மாட் மொழிகளோடு சில வருடங்கள்

பசுந்தேயிலைக் கணக்குக்கு எக்செல் போதாதா என்று கோத்தகிரியில் என்னைக் கேட்காதவர்கள் குறைவு. சிறு விவசாயிகளிடம் இலை வாங்கித் தூள் தயாரிக்கும் ஒரு டீ பேக்டரிக்குக் கணக்கு மென்பொருள் எழுதிப் பராமரிப்பது என் வேலை. எடை பதிவது, ரசீது அடிப்பது, வங்கிக்குப் பட்டியல் அனுப்புவது எல்லாம் வழக்கமான பைதான்தான். எடையிலிருந்து தொகைக்குப் போகும் நடுப்பகுதியை மட்டும், அதாவது கழிவு, முன்பணம், விலை ஆகியவற்றின் விதிகளை, சில வருடங்களாகப் பியூர் என்ற மொழியில் வைத்திருக்கிறேன். அந்த விதிகள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று பார்க்க மாட் என்ற இன்னொரு மொழி. இரண்டுமே டெர்ம் ரீரைட்டிங் அடிப்படையில் எழுந்தவை. கற்றுக்கொள்ளலாமா என்று யோசிப்பவர்களுக்காக, அன்றாட வேலையில் இவை எப்படி இருக்கின்றன என்று எழுதுகிறேன்.

டெர்ம் ரீரைட்டிங் என்பது பள்ளிக்கூட அல்ஜீப்ராவில் நாம் எல்லோரும் செய்ததுதான். ஒரு கோவை இருக்கிறது. இடப்பக்கம் ஒரு வடிவம், வலப்பக்கம் அதற்குப் பதிலாக எழுத வேண்டியது என்று விதிகள் இருக்கின்றன. கோவையின் எந்தப் பகுதி ஒரு விதியின் இடப்பக்கத்தோடு பொருந்துகிறதோ, அதை வலப்பக்கமாக மாற்றி எழுத வேண்டும். எந்த விதியும் பொருந்தாத நிலை வரும்வரை இது தொடரும். அந்தக் கடைசி வடிவத்துக்கு நார்மல் ஃபார்ம் என்று பெயர், அதுதான் விடை. பியூரில் அது இப்படி இருக்கும் (படிக்க வசதியாகப் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன்):

வர்க்கம் அ = அ * அ
(அ + ஆ) * இ = அ * இ + ஆ * இ
அ * (ஆ + இ) = அ * ஆ + அ * இ

வர்க்கம் 5 என்று கேட்டால் 25 வரும். வர்க்கம் (க + ச) என்று கேட்டால், க என்ன, ச என்ன என்று எங்குமே சொல்லாதபோதும், க*க + க*ச + (ச*க + ச*ச) என்று விடை வரும். அந்த அடைப்புக்குறியை நீக்க விதி எழுதவில்லை, அதனால் அது அப்படியே நிற்கிறது. பெரும்பாலான மொழிகளில் ‘அறிவிக்கப்படாத பெயர்’ என்று பிழை காட்டி நின்றுபோகும் இடம் இது. பியூரில் அது பிழை இல்லை. விதி இருக்கும் வரை கோவை குறையும், விதி தீர்ந்த இடத்தில் நிற்கும்.

இந்த ஒரு குணத்துக்காகவே நான் இந்த மொழியை விடாமல் வைத்திருக்கிறேன். காரணம் எங்கள் கணக்கின் தன்மை. தேயிலை வாரியம் மாதந்தோறும் நீலகிரிக்கு அறிவிக்கும் குறைந்தபட்ச விலை ஒரு பக்கம், குன்னூர் ஏலத்தில் தூளுக்குக் கிடைக்கும் விலை இன்னொரு பக்கம். எங்கள் பேக்டரி இரண்டையும் பார்த்து மாதம் முடிந்த பிறகுதான் கிலோவுக்கு இவ்வளவு என்று முடிவு செய்யும். விவசாயி தினமும் கொழுந்து கொண்டுவந்து போடுகிறார், நடுவில் முன்பணம் வாங்குகிறார். ஆனால் விலை தெரியாது. எக்செல்லில் அந்த இடத்தில் பூஜ்யம் இருக்கும், அல்லது போன மாத விலை இருக்கும். இரண்டுமே உண்மை இல்லை.

பியூரில் ஒருவருடைய கணக்கு மாத நடுவில் இப்படி நிற்கும்: 1240 * விலை அக்டோபர் - 3000. அவர் போட்ட இலை 1,240 கிலோ, வாங்கியது 3,000 ரூபாய், விலை இன்னும் வரவில்லை என்று அந்த வரியே சொல்கிறது. விலை 20 ரூபாய் என்று முடிவானால், விலை அக்டோபர் = 20 என்று ஒரே ஒரு விதியைச் சேர்க்கிறேன். 21,800 வந்துவிடும். எல்லோருடைய கணக்கும் அப்படியே குறைந்து எண்ணாகிவிடும். தெரியாததைத் தெரியாததாகவே வைத்துக்கொண்டு, தெரிந்த வரைக்கும் கணக்குப் போட்டுவைக்கும் இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

விதி விடுபட்டுப்போனாலும் இதேதான் நடக்கும். பேக்டரியில் கணக்கைப் பார்ப்பவர் வயதில் மூத்தவர், நிரல் எழுதத் தெரியாதவர். ஒரு நாள் கூப்பிட்டு, “தம்பி, இந்த ஒரு வரி மட்டும் எழுத்தாவே நிக்குது பாரு” என்றார். கழிவு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் முற்றின இலை என்று ஒரு வகை நின்றது. “அண்ணே, அந்த வகைக்கு எவ்வளவு கழிக்கணும்னு யாரும் இன்னும் சொல்லலை” என்றேன். எந்த விவசாயி, எந்த நாள், எந்த வகை என்று எல்லாமே அந்த வரியில் இருந்தது. அவர் முதலாளியிடம் பேசி அளவைச் சொன்னார், விதி சேர்ந்தது. பிழைச் செய்தியைப் படித்துப் புரிந்துகொள்ளும் வேலை யாருக்கும் இல்லை.

பியூரை உருவாக்கியவர் ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆல்பர்ட் கிரேஃப். அதற்கு முன் க்யூ என்று ஒரு மொழியை உருவாக்கியிருந்தார். அதன் அடுத்த தலைமுறையாக 2008ல் பியூர் வந்தது. மரவடிவக் கோவைகளை இடமிருந்து வலமாக ஒரே ஓட்டத்தில் பொருத்திப் பார்ப்பது பற்றி அவர் 1991லேயே ஆய்வுக் கட்டுரை எழுதியவர். அந்த உழைப்பின் பலன் இன்று என் கணினியில் தெரிகிறது. ஒரு ஃபங்ஷனுக்கு எத்தனை விதி எழுதினாலும், ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து நேரம் வீணாவதில்லை. நிபந்தனை வைத்த விதிகளை மட்டும், எழுதிய வரிசைப்படி சோதிக்கிறது.

ஹாஸ்கெல் என்ற நிரல் மொழி தெரிந்தவர்களுக்கு இதன் தோற்றம் பழக்கமாக இருக்கும். ஆனால் ஆழத்தில் வேறுபாடு பெரியது. ஹாஸ்கெலில் தரவை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டர் வேறு, ஃபங்ஷன் வேறு. பியூரில் அந்தச் சுவர் கிடையாது. தரவுக்கே விதி எழுதலாம். காலையிலும் மாலையிலும் ஒரே விவசாயி இலை போட்டால் இரண்டு சீட்டு வரும். அவற்றைச் சேர்க்க நான் எழுதியிருப்பது ஒரே வரி:

சீட்டு ந அ + சீட்டு ந ஆ = சீட்டு ந (அ + ஆ)

இடப்பக்கத்தில் ந இரண்டு முறை வருவதைக் கவனியுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே உறுப்பினர் எண் இருந்தால்தான் விதி பொருந்தும். ஹாஸ்கெல் இதை அனுமதிக்காது, தனியாக ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லும். இங்கே விதி, கணக்கர் வாயால் சொல்வது போலவே இருக்கிறது.

ஆனால் இந்த விதிக்கு ஒரு எல்லை உண்டு. ஒரே ஆளின் இரண்டு சீட்டுகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் சேரும். நடுவில் வேறொருவர் சீட்டு வந்தால் சேராது. கூட்டலில் இடம் மாற்றலாமே என்று அ + ஆ = ஆ + அ என்று விதி எழுதினால், நிரல் முடிவே இல்லாமல் மாற்றிக்கொண்டே இருக்கும். விரிக்கும் விதியையும் பொதுக்காரணி எடுத்துச் சேர்க்கும் விதியையும் ஒரே கோப்பில் வைத்தாலும் இதே ஆபத்துதான். ஒரு விதித்தொகுப்பு எப்போதும் முடிவுக்கு வருமா என்று பொதுவாகக் கண்டுபிடித்துச் சொல்லும் வழிமுறையே இருக்க முடியாது என்று 1978ல் ஹுவே, லாங்க்ஃபோர்ட் இருவரும் நிறுவிவிட்டார்கள். எனவே முடிவுறுதலைப் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

இங்கேதான் மாட் வருகிறது. அமெரிக்காவில் எஸ்.ஆர்.ஐ. என்ற ஆராய்ச்சி நிறுவனத்திலும் இல்லினாய் பல்கலைக்கழகத்திலும் ஹொசே மெசெகேரும் அவருடைய குழுவினரும் வளர்த்தது. ஜோசப் கோகன் தொடங்கிவைத்த ஓபிஜே மொழியின் வழி வந்தது. மாட்டில் கூட்டல் போன்ற ஒரு செயற்குறியை அறிவிக்கும்போதே, இதற்கு வரிசை முக்கியமில்லை, அடைப்புக்குறி முக்கியமில்லை என்று சொல்லிவிடலாம். அதற்குப் பிறகு சீட்டுகள் எந்த வரிசையில் கிடந்தாலும் பொருந்துவதைத் தேடிச் சேர்த்துக்கொள்ளும். இந்த வகைப் பொருத்தம் கணிதப்படி கடினமானது. பெரிய தொகுப்பு கொடுத்தால் மெதுவாகும். முழு மாதச் சீட்டுகளை நான் அதில் போடுவதில்லை.

மாட்டை நான் வைத்திருப்பது வேறொரு வேலைக்கு. கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையில் இலை நனைந்தே வரும். கூடலூர்ப் பக்கம் ஆனி, ஆடியிலேயே அப்படி. நனைந்த இலைக்கு ஈரக் கழிவு உண்டு, சாக்கு எடைக்குத் தனிக் கழிவு உண்டு. ஈரத்துக்கு 5 சதவீதம், சாக்குக்கு 1 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோவில் ஈரத்தை முதலில் கழித்தால் 95, பிறகு சாக்கு போக 94. சாக்கை முதலில் கழித்தால் 99, பிறகு ஈரம் போக 94.05. வித்தியாசம் 50 கிராம். ஒரு சீட்டில் சின்னதுதான், ஆனால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவருக்கும் நடப்பது. ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் இலை பறிக்க வேண்டிய தொழிலில், பறித்தவருடைய 50 கிராமை அலட்சியமாக விட எனக்கு மனம் வராது.

பியூர் இந்த மோதலைச் சொல்லாது. கோப்பில் எந்த விதி மேலே இருக்கிறதோ அதைப் பொருத்திவிட்டு, ஒரே விடையைத் தந்துவிடும். மாட்டில் சமன்பாடு என்றும் மாற்றவிதி என்றும் இரண்டு வகை உண்டு. சமன்பாடாக எழுதினால் அதுவும் ஏதோ ஒரு வழியில்தான் போகும். மாற்றவிதியாக எழுதித் தேடல் கட்டளையைக் கொடுத்தால், போகக்கூடிய எல்லா வழியிலும் போய்ப் பார்க்கும். இந்தச் சீட்டைக் கொடுத்துக் கேட்டபோது இரண்டு விடை வந்தது: ஒன்று 94, மற்றது 1881/20. பின்னமாகவே தருகிறது, தசமத்தில் உருட்டிவிடுவதில்லை. அந்த இரண்டு விடையையும் அச்சிட்டுக் கணக்கர் அண்ணனிடம் கொடுத்தேன். சாக்கு இலை இல்லை, அதற்கு ஈரம் கிடையாது, அதனால் சாக்கைத்தான் முதலில் எடுக்கணும் என்று அவரே முடிவு சொன்னார். விவசாயிக்கு 94.05. அந்த வரிசை இப்போது விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இப்படி இரண்டு விதிகள் ஒரே இடத்தில் மோதும் இடங்களை முறையாகக் கண்டுபிடிக்கும் வழியை நூத், பெண்டிக்ஸ் இருவரும் 1970ல் வெளியிட்டார்கள். மாற்றங்கள் எப்போதும் முடிவுக்கு வரும் என்றால், ஒரே படியில் வழி பிரியும் இடங்கள் மறுபடி ஒன்றுசேர்வதைச் சரிபார்த்தால் போதும், எந்த வழியில் போனாலும் விடை ஒன்றுதான் என்பது அதற்கும் முன்னால் 1942ல் நியூமன் நிறுவியது. இதைப் படித்தபோது, கணக்கு விதிகளைப் பற்றி எனக்கு இருந்த பல கேள்விகளுக்கு ஏற்கெனவே விடை இருப்பதைக் கண்டு மனம் நிறைந்தது.

பியூரின் குறைகளையும் சொல்ல வேண்டும். பெயரில் ஒரு எழுத்து மாறினால் அது புதிய பெயராகிவிடும், கோவை அமைதியாக நின்றுவிடும். எச்சரிக்கை காட்டும் விருப்பத்தேர்வை எப்போதும் போட்டே நிரலை ஓட்டுங்கள். கட்டாயம் குறைந்தே தீர வேண்டிய ஃபங்ஷனுக்கு, பொருந்தாவிட்டால் பிழை எழுப்பு என்று தனியாக அறிவிக்கும் வசதியும் இருக்கிறது. வங்கிக்குப் போகும் கடைசிப் பட்டியலுக்கு நான் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

பணக் கணக்குக்கு இன்னொரு எச்சரிக்கை. பியூரின் சாதாரண முழு எண் 32 பிட்தான். பைசாவில் கணக்கு வைத்தால் 2,14,74,836 ரூபாய் 47 பைசாவோடு அதன் கொள்ளளவு முடிந்துவிடும். ஒரு பேக்டரியின் ஆண்டுக் கொள்முதல் அதைத் தாண்டும். எண்ணுக்குப் பின்னால் எல் என்ற எழுத்தைச் சேர்த்தால் எவ்வளவு பெரிய எண்ணையும் தாங்கும் வகையாகிவிடும். பின்னங்களும் துல்லியமாக உண்டு. முதல் நாளிலிருந்தே அவற்றைப் பயன்படுத்துவது நல்லது. நீளமான பட்டியலில் தன்னையே அழைக்கும் ஃபங்ஷனை எழுதும்போது, கடைசி வேலையாக அழைப்பு வரும்படி எழுதாவிட்டால் அழைப்புகளை அடுக்கிவைக்கும் நினைவகமான ஸ்டாக் நிறைந்து நின்றுவிடும்.

நிறுவுவதுதான் எல்லாவற்றையும் விடச் சிரமம். பியூர், எல்எல்விஎம் என்ற கம்பைலர் கருவித்தொகுப்பைக் கொண்டு நிரலை இயந்திர நிரலாக மாற்றி ஓட்டுகிறது, அதனால் வேகம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதற்கு வேண்டியது எல்எல்விஎம்மின் 3.5 அல்லது அதற்கும் பழைய பதிப்பு. புதிய லினக்ஸில் அது கிடைக்காது. 2018ல் வந்த 0.68 பதிப்பை ஒரு கன்டெய்னருக்குள் பழைய லினக்ஸோடு சேர்த்து வைத்திருக்கிறேன். தனி இயங்கு கோப்பாக மாற்றும் வசதி இருப்பதால் பேக்டரிக் கணினியில் பியூரையே நிறுவ வேண்டியதில்லை. பியூரின் கையேடு என் கணினியிலேயே இருப்பது, மழையில் நெட் போகும் எங்கள் ஊருக்குப் பெரிய உதவி.

இந்த நிறுவும் சிரமம் இல்லாமல் இந்தச் சிந்தனையை ருசி பார்க்க வேண்டும் என்றால், 1988ல் வந்த மேத்தமேட்டிகா என்ற கணித மென்பொருளும் உள்ளுக்குள் இதே விதி மாற்றம்தான். ராஸ்பெரி பை கணினியில் சொந்தக் கற்றலுக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

பியூரின் வளர்ச்சி நின்றுபோன நிலையில் இருப்பதால், கழிவு விதிகளை மாட்டுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். மாட் இன்னும் வளர்கிறது, பைதானிலிருந்து நேரடியாக அழைக்க நூலகமும் இருக்கிறது. விலை வராமல் குறியீடாக நிற்கும் பகுதி மட்டும் இன்னும் பியூரில்தான். மாட்டில் ஒவ்வொன்றுக்கும் வகை அறிவிக்க வேண்டும். எண்ணையும் விலையையும் சேர்த்து அடக்கும் தொகை என்ற மேல்வகையை உண்டாக்கி, கூட்டல், கழித்தல், பெருக்கலை அதற்காக மறுபடி அறிவிக்க வேண்டியிருக்கிறது. முன்பணமும் உர பாக்கியும் அந்த வகைக்குள் எப்படி வரும் என்பதைக் கணக்கர் அண்ணனோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.