யார் பணத்தில் தொழில் தொடங்குவது? பெண்களுக்கு முன் இருக்கும் நான்கு வழிகள்

பெண்கள் தொழில் தொடங்குவதைப் பற்றிய மேடைகளில் தன்னம்பிக்கை பேசப்படும், குடும்ப ஆதரவு பேசப்படும், நேரத்தை நிர்வகிப்பது பற்றித் தவறாமல் ஒருவர் பேசுவார் (ஆண்கள் நிறைந்த தொழில் மாநாட்டில் இந்தத் தலைப்பு ஏன் வருவதில்லை என்பது எனக்கு நெடுநாள் சந்தேகம்). பணம் மட்டும் கடைசியில், கேள்வி நேரத்தில், தயங்கித் தயங்கி எட்டிப்பார்க்கும். அதுவும் எவ்வளவு கிடைக்கும், வட்டி எத்தனை என்பதோடு முடிந்துவிடும்.

இந்த அலசலுக்கு நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் வேறு. பணம் வந்த பிறகு அந்தத் தொழிலில் கடைசி வார்த்தை யாருடையது? 'நிர்வாக இயக்குநர்' என்று விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொள்ள யாருடைய அனுமதியும் வேண்டாம். சரக்கை எங்கே வாங்குவது, யாரை வேலைக்கு வைப்பது, லாபத்தை எடுப்பதா திரும்பத் தொழிலிலேயே போடுவதா என்பதைத் தொழில் தொடங்கிய பெண்ணே தீர்மானிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். கைமுதல், முதலீட்டாளர், வங்கி, குழுக் கடன் என்ற நான்கையும் அந்தக் கண்ணோடு பார்ப்போம்.

கைமுதல்

கடைசி வார்த்தை முழுவதும் அவருடையதாகவே இருக்கும் ஒரே வழி இது. உதாரணத்துக்கு எல்லோரும் எடுப்பது சாரா பிளேக்லியைத்தான். ஃபேக்ஸ் இயந்திரம் விற்கும் வேலையில் இருந்தவர், 5,000 டாலர் சேமிப்போடு அமெரிக்காவில் ஸ்பான்க்ஸ் உள்ளாடை நிறுவனத்தை 2000-ல் தொடங்கினார். 2021-ல் பெரும்பான்மைப் பங்கை பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கும்வரை வெளி முதலீட்டாளர் எவரையும் உள்ளே விடவில்லை. விற்றபோது நிறுவனத்தின் மதிப்பு 120 கோடி டாலர். இந்தக் கதையைச் சொல்பவர்கள் 5,000 டாலரில் நின்றுவிடுகிறார்கள். அதைவிட முக்கியம், பொருளை உருவாக்கிய காலம் முழுவதும் அவர் வேலையை விடவில்லை என்பது. மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்ததால் அவசரத்துக்கு யாரிடமும் பங்கை விற்க வேண்டியிருக்கவில்லை.

குறை எங்கே என்பது எல்லோருக்கும் தெரியும். சேமிக்கும் அளவுக்குச் சம்பளம் வேண்டும், அந்தச் சேமிப்பு தன் பெயரில் இருக்க வேண்டும், ஓரிரு ஆண்டு வீட்டுச் செலவுக்கு வேறு வழி வேண்டும். இயந்திரமும் கிடங்கும் தேவைப்படும் தொழிலுக்குக் கைமுதல் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

கைமுதல் என்ற பெயரில் நடமாடும் இன்னொரு பணமும் உண்டு: அப்பா கொடுத்தது, கணவர் கொடுத்தது, அண்ணன் கொடுத்தது. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, தவணைத் தேதி கிடையாது. அதனாலேயே ஒவ்வொரு முடிவிலும் கருத்துச் சொல்லும் உரிமை தமக்கு உண்டென்று கொடுத்தவர் நினைத்துக்கொள்வார். இது கடனா, பங்கா, அன்பளிப்பா என்று முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவது உறவுக்குச் செய்யும் அவமரியாதை என்று பலர் தயங்குகிறார்கள். எழுதாமல் விட்டதால் முறிந்த உறவுகள்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

முதலீட்டாளர்

இங்கே தொகை பெரிது, வேகம் பெரிது, தவணை கிடையாது. தொழில் படுத்துவிட்டாலும் பொதுவாக வீட்டை விற்றுத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. இவ்வளவு வசதிக்கும் விலை, பங்கு.

அந்த விலையைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. முதலீடு திரட்டும் முதல் சுற்றில் 20 சதவீதப் பங்கைக் கொடுத்தால் கையில் 80 இருக்கும். இரண்டாம் சுற்றிலும் 20 சதவீதம் என்றால் 64. மூன்றாம் சுற்றில் 51.2. நடுவில் ஊழியர்களுக்கென 10 சதவீதம் ஒதுக்கச் சொல்வார்கள். அதையும் கழித்தால் 46 சதவீதம்தான் மிச்சம். தொடங்கியவர்கள் இருவர் என்றால் ஆளுக்கு 23. இதற்குள் இயக்குநர் குழுவில் முதலீட்டாளரின் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். நிறுவனத்தைத் தொடங்கியவரையே தலைமைப் பொறுப்பிலிருந்து இறக்கிவிட அந்தக் குழுவின் ஓட்டுகளே போதுமானதாகிவிடும். ஆணுக்கும் இதே கணக்குதான். ஆனால் பெண்ணுக்கு அந்த அறைக்குள் நுழைவதே வேறு மாதிரியாக இருக்கிறது.

அமெரிக்காவில் துணிகர முதலீடாக, அதாவது பங்குக்கு ஈடாகப் புதிய நிறுவனங்களில் போடும் பணமாக, போகும் ஒவ்வொரு டாலரிலும் பெண்கள் மட்டுமே நிறுவிய நிறுவனங்களுக்குக் கிடைப்பது சுமார் 2 சென்ட். ஆண்டுகள் ஓடியும் இந்த அளவு பெரிதாக நகரவில்லை. திறமையான பெண்கள் வருவதில்லை என்ற வாதத்துக்கு 2014-ல் வெளியான ஓர் ஆய்வு பதில் வைத்திருக்கிறது. ஒரே தொழில் திட்டத்தை, ஒரே வார்த்தைகளில், ஓர் ஆண் குரலிலும் ஒரு பெண் குரலிலும் பதிவுசெய்து கேட்க வைத்தார்கள். கேட்டவர்களில் 68 சதவீதம் பேர் ஆண் குரலில் வந்த திட்டத்துக்குப் பணம் தரலாம் என்றார்கள். பெண் குரலுக்கு 32 சதவீதம்.

இன்னும் கூர்மையான சான்று நியூயார்க்கில் நடந்த, புதிய நிறுவனங்கள் முதலீட்டாளர்கள் முன் தங்கள் திட்டத்தை விளக்கும் டெக்கிரஞ்ச் போட்டி மேடைகளிலிருந்து வந்தது. 2010 முதல் 2016 வரை அங்கே நடந்த கேள்வி பதில்களை டானா கான்ஸேயும் சக ஆய்வாளர்களும் அலசினார்கள். ஆண்களிடம் கேட்டவற்றில் 67 சதவீதம் வளர்ச்சியைப் பற்றிய கேள்விகள்: சந்தையை எப்படிப் பிடிப்பீர்கள், எவ்வளவு தூரம் போவீர்கள் என்ற வகை. பெண்களிடம் கேட்டவற்றில் 66 சதவீதம் இழப்பைப் பற்றியவை: இருக்கும் வாடிக்கையாளரை எப்படித் தக்கவைப்பீர்கள், போட்ட பணம் எப்போது திரும்பும் என்ற வகை. பெண் முதலீட்டாளர்களும் இதே போலத்தான் கேட்டிருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வளர்ச்சிக் கேள்விகளை அதிகம் சந்தித்தவர்கள், மற்றவர்களைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு முதலீடு திரட்டினார்கள்.

இதில் நடைமுறைக்கு உதவும் செய்தி ஒன்றும் உண்டு. இழப்பைப் பற்றிக் கேட்டபோது பதிலை வளர்ச்சியின் பக்கம் திருப்பியவர்களுக்குக் கூடுதல் பணம் கிடைத்தது. 'வாடிக்கையாளர் போய்விட்டால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டால், போகாமல் தடுக்கும் ஏற்பாடுகளை வரிசையாக அடுக்குவது இயல்பு. நேர்மையான பதிலும் அதுதான். ஆனால் கேட்பவர் மனத்தில் அது 'தற்காப்பு ஆட்டம்' என்றே பதிகிறது. அதே பதிலை ஒரு வரியில் முடித்துவிட்டு, 'இந்தச் சந்தை வளரும் வேகத்தில், போகிறவர்களைவிட வருகிறவர்கள் பல மடங்கு. அவர்களைப் பிடிக்கும் திட்டம் இது' என்று பேச்சைத் திருப்ப வேண்டியிருக்கிறது. கேள்வி கேட்பவர் திருந்த வேண்டிய இடத்தில் பதில் சொல்பவர் பயிற்சி எடுக்க வேண்டியிருப்பது எரிச்சலூட்டுகிறது. பணம் அந்தப் பக்கம் இருப்பதால் வேறு வழியும் இல்லை.

பொதுமக்களிடம் இணையம் வழியாகச் சிறு தொகைகளைத் திரட்டும் முறையில் காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது. 2015, 2016 ஆண்டுகளின் முயற்சிகளைப் பரிசீலித்த, பிடபிள்யூசி என்ற தணிக்கை, ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கையின்படி பெண்கள் நடத்தியவற்றில் 22 சதவீதமும் ஆண்கள் நடத்தியவற்றில் 17 சதவீதமும் இலக்கைத் தொட்டன. தொகை சிறியது என்பதால் இதைத் தனி வழியாக நான் எண்ணவில்லை. கைக்கு அடக்கமான, காட்டி விற்கக்கூடிய பொருள் என்றால் முயலலாம்.

வங்கி

வங்கிக் கடனுக்குக் கெட்ட பெயர் அதிகம். அதில் பாதி நியாயமானது. அமெரிக்காவில் கடன் தருவதில் பாலினப் பாகுபாடு கூடாது என்ற சட்டம் 1974-ல்தான் வந்தது. தொழில் கடன் கேட்கும் பெண், ஆண் உறவினரின் கையெழுத்தோடு வர வேண்டும் என்ற மாநிலச் சட்டங்கள் 1988 வரை நீடித்தன. இன்று வெற்றி பெற்ற தொழிலதிபர்களாக வலம்வரும் பெண்களில் பலர் அந்தக் காலத்தில் கடன் விண்ணப்பம் நிரப்பியவர்கள். இந்தியாவில் 1978-ல் 10,000 ரூபாயோடு பயோகானைத் தொடங்கிய கிரண் மஜும்தார் ஷாவுக்கு வயது 25. பெண், இளம் வயது, யாரும் கேள்விப்படாத உயிரித் தொழில்நுட்பம் என்ற மூன்றையும் பார்த்து வங்கிகள் பின்வாங்கின.

சட்டம் மாறினாலும் வட்டி விகிதத்துக்குள் பழைய பழக்கம் ஒளிந்துகொள்கிறது. இத்தாலியில் சிறு தொழில்களின் ஓவர்டிராஃப்ட் (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுத்துக்கொள்ளும் கடன்) கணக்குகளை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்ட கட்டுரையில், பெண்கள் ஆண்களைவிடக் கூடுதல் வட்டி கட்டுவது தெரியவந்தது. பெண்கள் கடனைத் திருப்பாதவர்கள் என்பதற்கு எந்தச் சான்றும் அகப்படவில்லை. ஒரே வங்கி, ஒரே வகைத் தொழில், இருவருக்கு இரு வட்டி.

இருந்தாலும் என் அளவுகோலில் வங்கிக்கு நல்ல மதிப்பெண் கொடுப்பேன். மேலாளருக்கு வேண்டியது தவணை. அது தேதி தவறாமல் வந்தால், யாரை வேலைக்கு வைத்தீர்கள், ஏன் விலையைக் குறைத்தீர்கள் என்று கேட்க மாட்டார். இயக்குநர் குழுவில் நாற்காலி கேட்க மாட்டார். கடன் தீர்ந்த நாளில் உறவும் தீர்ந்தது. மாதாமாதம் ரொக்கம் புழங்கும், ஒழுங்காகக் கணக்கு எழுதும் தொழிலுக்கு முதலீட்டாளரைவிட வங்கி எவ்வளவோ மேல். சிக்கல் ஈட்டில்தான். நிலமும் வீடும் ஆண்கள் பெயரில் இருக்கும் குடும்பத்தில் பத்திரத்துக்காக அவர்களிடம்தான் போக வேண்டும். போனால், தப்பித்து வந்த அதே இடத்துக்குத் திரும்பிவிடுகிறோம்.

குழுக் கடன்

ஈடு இல்லாதவர்கள் குழுவாகச் சேர்ந்து சிறு கடன் வாங்குவதற்காகவே பிறந்த ஏற்பாடு இது. வங்காளதேசத்தில் முகம்மது யூனுஸ் 1983-ல் முறையான வங்கியாக்கிய கிராமீன், 2006-ல் அமைதி நோபல் பரிசை அவரோடு பகிர்ந்துகொண்டது. கடன் பெறுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இந்தப் பணம் பெண்களைத் தொழில் தலைவர்களாக்கியதா என்ற கேள்விக்கு ஆய்வுகள் தரும் பதில் நோபல் மேடை அளவுக்கு உற்சாகமாக இல்லை. போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ என ஆறு நாடுகளில் நடந்த சோதனைகள் 2015-ல் ஒன்றாக வெளியாயின. பயன் உண்டு, ஆனால் வாழ்க்கையைப் புரட்டிப்போடும் அளவுக்கு இல்லை என்பதே அவற்றின் சாரம்.

காரணங்களில் ஒன்று தவணையின் அவசரம். கடன் வாங்கி இரண்டு வாரத்திலேயே தவணை தொடங்கினால் மறுநாளே காசாகும் தொழிலில்தான் பணத்தைப் போட முடியும். கொல்கத்தாவில் ஒரு பகுதியினருக்கு மட்டும் முதல் தவணையை இரண்டு மாதம் தள்ளிவைத்துப் பார்த்தார்கள். அவர்கள் தொழிலில் கூடுதலாகப் போட்டார்கள், சில ஆண்டுகளுக்குப் பிறகும் கூடுதல் லாபம் பார்த்தார்கள். கடனைக் கட்டத் தவறியவர்களும் அவர்களில்தான் அதிகம். கடன் தரும் நிறுவனங்கள் ஏன் இறுக்கிப் பிடிக்கின்றன என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது.

அதைவிடப் பெரிய காரணம் வீட்டுக்குள் இருக்கிறது. இலங்கையில் சிறு தொழில் செய்பவர்களுக்கு 10,000 அல்லது 20,000 ரூபாய் திருப்பித் தர வேண்டாத உதவியாகக் கொடுத்துப் பார்த்தபோது, ஆண்களின் லாபம் ஏறியது. பெண்களின் லாபம் சராசரியாக அசையவே இல்லை. பெண்களுக்குத் தொழில் சாமர்த்தியம் போதாது என்று இதைப் படித்தவர்கள் இருந்தார்கள். 2019-ல் இந்தியா, இலங்கை, கானா ஆகிய நாடுகளின் தரவுகளை மறுபடி கிளறியவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். வீட்டில் தொழில் செய்பவர் அந்தப் பெண் ஒருவரே என்றால், லாபம் ஆண்களுக்கு இணையாக வந்திருக்கிறது. கணவருக்கும் ஒரு தொழில் இருக்கும் வீட்டில்தான் வரவில்லை. பணம் மனைவி பெயரில் வந்து, கணவர் கடையில் இறங்கிவிட்டது.

பணத்தைக் கொடுக்கும் விதத்தை மாற்றினாலே நிலைமை மாறுகிறது. உகாண்டாவில் பெண்களுக்கான சிறுகடனைச் சிலருக்கு ரொக்கமாகவும் சிலருக்கு அவரவர் கைப்பேசிக் கணக்கிலும் கொடுத்தார்கள். கடன் தொகையில் மாற்றம் இல்லை. கைப்பேசியில் பெற்றவர்களின் தொழிலில் மூலதனமும் கூடியது, லாபமும் கூடியது. பிறர் கண்ணில் படாத இடத்தில் பணம் இருந்ததே போதுமானதாக இருந்திருக்கிறது.

கடன் வாங்கும் பெண்களே வங்கியின் உரிமையாளர்களாகவும் ஆகலாம். அகமதாபாத்தில் இலா பட் தொடங்கிய, சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவாவைச் சேர்ந்த 4,000 பெண்கள் ஆளுக்குப் 10 ரூபாய் பங்குத்தொகை போட்டு 1974-ல் தங்களுக்கென ஒரு கூட்டுறவு வங்கி தொடங்கினார்கள். குழுக் கடன் வகையில் என் அளவுகோலுக்கு நெருங்கி வருவது அதுதான்.

எனக்குப் பிடித்த வரிசை

மாதச் சம்பளம் உள்ளவர், சிறிய அளவில் சோதித்துப் பார்க்கக்கூடிய தொழில் என்றால் கைமுதலே போதும்; வேலையை அவசரப்பட்டு விடக் கூடாது. ஓரிரு ஆண்டுக் கணக்கு கையில் இருந்தால் அடுத்த படி வங்கி, இரண்டு மூன்று இடங்களில் வட்டியைக் கேட்டு ஒப்பிட்ட பிறகு. ஈடே இல்லாதவருக்குக் குழுக் கடன் உதவும்; தன் பெயரில் தனிக் கணக்கு, பணம் நேராக அதில், முடிந்தால் முதல் தவணைக்கு அவகாசம் என்று மூன்றையும் முதலில் பேசிவிட வேண்டும். முதலீட்டாளரை நான் கடைசியில் வைக்கிறேன். முதலில் ஓடிப் பிடிப்பவருக்கே சந்தை என்ற வகைத் தொழிலுக்கு மட்டும் அவர் முதலில் வருவார். அப்போதும் முதல் சுற்றிலேயே எத்தனை இயக்குநர் இடங்கள், எந்த முடிவுகளுக்கு அவர் சம்மதம் கட்டாயம் என்ற பக்கங்களை, நிறுவனத்துக்கு அவர் போடும் மதிப்பீட்டுத் தொகையைப் படிப்பதற்கு முன் படிக்க வேண்டும்.

இந்த நான்கிலும் சேராத ஒரு பணத்தை ஏனோ யாரும் பட்டியலில் போடுவதில்லை: வாடிக்கையாளர் தரும் முன்பணம். வட்டி இல்லை, பங்கு இல்லை, ஈடு இல்லை. ஆர்டரின் பேரில் செய்துகொடுக்கும் எந்தத் தொழிலிலும் பாதித் தொகையை முன்கூட்டியே கேட்கலாம். கேட்கக் கூச்சப்பட்டு, அந்தப் பாதிக்காகக் கடன் வாங்கி வட்டி கட்டுகிறவர்கள் ஏராளம். செய்து அடுக்கி வைத்து விற்கும் சரக்குக்கு மட்டும் இது உதவாது.