பிடபிள்யூஏ-மெம், மெம்2, மினிமேப்2: எதற்கு மாறினால் எவ்வளவு மிச்சம்?

மனித ஜீனோமை (முழு டிஎன்ஏவை) 30 மடங்கு ஆழத்தில், அதாவது ஒவ்வொரு இடத்தையும் சராசரியாக 30 தடவை படிக்கும்படி சீக்வென்ஸ் செய்தால், 150 எழுத்து நீள ரீடுகள் (டிஎன்ஏ துண்டுகளின் வாசிப்புகள்) சுமார் 62 கோடி வரும். 310 கோடி எழுத்து ரெஃபரன்ஸில் (ஒப்பிடுவதற்கான மாதிரி ஜீனோமில்) ஒவ்வொரு ரீடும் எங்கே பொருந்துகிறது என்று தேடுவது அலைனர் என்ற மென்பொருளின் வேலை. ஹெங் லீ 2013-இல் வெளியிட்ட பிடபிள்யூஏ-மெம்தான் பல இடங்களில் இன்னும் ஓடுகிறது. மெதுவாக இருக்கிறது என்று அதை மாற்றுவதற்கு முன், சிபியு பயன்பாட்டைக் காட்டும் ‘டாப்’ கட்டளையை ஒரு தடவை தட்டிப் பாருங்கள். 32 த்ரெட் (இணையாக ஓடும் வேலைத் தடங்கள்) கொடுத்தும் சிபியு 3200 சதவீதத்தை நெருங்காமல் 1400-இல் தொங்கினால், குற்றம் அலைனருடையது அல்ல. ஜிசிப் முறையில் சுருக்கிய ரீட் கோப்பு ஒற்றை த்ரெட்டில் பிரிந்துகொண்டிருக்கும். இல்லையென்றால் அலைனரின் வெளியீட்டை நேரடியாகக் கடத்தும் பைப்பின் மறுமுனையில், அதை வரிசைப்படுத்தும் சாம்டூல்ஸ் சார்ட் தற்காலிகக் கோப்புகளை டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும். அதைச் சரிசெய்யாமல் எந்த அலைனரைப் போட்டாலும் நேரம் குறையாது.

சிபியு முழுசாக ஓடுகிறது, ஆனாலும் போதவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது மெம்2, அதாவது மெம்மின் வேகமான மறுவடிவம். இன்டெலின் பெங்களூரு ஆய்வகத்தினர் ஹெங் லீயோடும் ஸ்ரீனிவாஸ் ஆலுருவோடும் சேர்ந்து 2019-இல் வெளியிட்டது. பழைய மெம்மின் நேரம் பெரும்பாலும் இரண்டு இடங்களில் போகிறது. ஒன்று, எஃப்எம்-இன்டெக்ஸில் (தேட வசதியாகச் சுருக்கிய ரெஃபரன்ஸ் அட்டவணையில்) விதைத் துண்டுகளை, அதாவது ரீடில் அப்படியே பொருந்தும் சிறு பகுதிகளைத் தேடுவது. கேஷில் (சிபியுவுக்குள் இருக்கும் சிறு வேக நினைவகத்தில்) அடங்காத அட்டவணையில் தாறுமாறாகத் தாவ வேண்டியிருப்பதால், சிபியு ரேமுக்காகக் காத்தே கிடக்கும். அடுத்து எது வேண்டும் என்பதை முன்கூட்டியே வரவழைத்து மெம்2 இதைக் குறைக்கிறது. இன்னொன்று ஸ்மித்-வாட்டர்மன் கணக்கு, அதாவது இரண்டு வரிசைகள் எவ்வளவு பொருந்துகின்றன என்று மதிப்பெண் போடுவது. நீளம் ஒத்த துண்டுகளை மெம்2 ஒன்றாக அடுக்கி, ஒரே வெக்டர் கட்டளையில் பலவற்றுக்குச் சேர்த்துப் போடுகிறது. ஏவிஎக்ஸ்-512 என்ற அகலமான வெக்டர் கட்டளைகள் உள்ள சிபியுவில் இந்த லாபம் அதிகம், பழைய எஸ்எஸ்இ மட்டும் உள்ளதில் குறைவு. ஒரு சாக்கெட்டை (ஒரு முழு சிபியு சில்லை) முழுதாக ஓட்டியபோது 2.4 மடங்கு வரை வேகம் கிடைத்ததாக அவர்கள் கட்டுரை சொல்கிறது. விடை மாறாது என்பதுதான் இதன் பெரிய பலம். வேரியன்ட் காலிங் (மரபணு மாறுபாடுகளைக் கண்டறியும்) பைப்லைனை மறுபடி சோதித்து ஒப்புதல் வாங்குகிற தலைவலி மிச்சம்.

சிக்கல் இன்டெக்ஸில் இருக்கிறது. பழைய இன்டெக்ஸ் இதற்கு ஆகாது. புதிதாகக் கட்ட ஓர் எழுத்துக்கு 28 பைட் ரேம், அதாவது மனித ஜீனோமுக்கு 87 ஜிபி அளவில் வேண்டும். 64 ஜிபி கணினியில் கட்டினால் பாதியில் செத்துவிடும். பெரிய கணினியில் ஒருமுறை கட்டி நகலெடுங்கள். ஓட்டும்போது 2.1 பதிப்பிலிருந்து இன்டெக்ஸுக்குச் சுமார் 10 ஜிபி போதும். அதற்கு முந்தைய பதிப்புகளில் 40 ஜிபி. நகலெடுக்கும்போது ‘ஆல்ட்’ கோப்பை, அதாவது சில பகுதிகளின் மாற்று வடிவங்களை (ஆல்ட் கான்டிக்குகளை) பட்டியலிடும் கோப்பை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் எந்த எச்சரிக்கையும் வராது. ஆல்ட் கான்டிக்குகளோடு ஒத்துப்போகும் பகுதிகளில் மேப்பிங் தரம் (பொருந்திய இடம் எவ்வளவு நம்பகம் என்ற மதிப்பெண்) சுழியத்துக்கு இறங்கி, அங்குள்ள வேரியன்ட்கள் காணாமல் போகும்.

மெம்மையும் மெம்2-வையும் ஒப்பிட்டு ‘விடை வேறாக வருகிறது’ என்று புகார் சொல்பவர்கள் பெரும்பாலும் த்ரெட் எண்ணிக்கையை மாற்றியிருப்பார்கள். ஜோடி ரீடுகளின் இடைவெளியைத் தொகுதி தொகுதியாகத்தான் மெம் கணிக்கிறது, தொகுதியின் அளவோ த்ரெட்டைப் பொறுத்தது. பெரிய எழுத்து ‘கே’ (-K) ஆப்ஷனில் 10 கோடி என்று இரண்டிலும் நிலையாக வையுங்கள். பிறகு வெளியீட்டின் ஹெட்டரை (தலைப்பு வரிகளை) நீக்கிவிட்டு எம்டி5 (கோப்பின் கைரேகை போன்ற எண்) பாருங்கள், பொருந்தும்.

மினிமேப்2 என்ற அலைனர் வேறு ரகம். 100 எழுத்துக்கு மேற்பட்ட இலுமினா கருவியின் குறு ரீடுகளில் மெம்மைவிட 3 மடங்கு வேகம் என்கிறார் அதையும் எழுதிய ஹெங் லீ. மினிமைசர்களை (வரிசையிலிருந்து தேர்ந்தெடுத்த சிறு துண்டுகளை) விதையாக எடுப்பதால் விடையும், தர மதிப்பெண்ணும் மாறும். பழைய மாதிரிகளோடு புதியவற்றைச் சேர்த்து அலசுபவர்கள் பாதியில் இதற்குத் தாவக் கூடாது. புதுத் திட்டம் என்றால் தாராளமாகத் தொடங்கலாம். நானோபோர் போன்ற கருவிகளின் நீள ரீடுகளுக்கு மெம்மோடு இதை ஒப்பிடுவதே வீண், கண்ணை மூடிக்கொண்டு மினிமேப்2. கோதுமை மாதிரிப் பெரிய ஜீனோமில் மட்டும் கவனம். பெரிய எழுத்து ‘ஐ’ (-I) ஆப்ஷனை உயர்த்தாவிட்டால் இன்டெக்ஸைத் துண்டு போட்டுவிடும், வெளியீடான சாம் கோப்பின் ஹெட்டரில் குரோமோசோம் வரிகளே இருக்காது.

ஸ்ட்ரோப்அலைன் என்ற இன்னொரு அலைனர் சில நிமிடங்களில் இன்டெக்ஸ் கட்டும். ஆனால் சேமித்து வைக்கும் இன்டெக்ஸ் ரீட் நீளத்துக்கேற்ப மாறும். 100-க்குக் கட்டியதை 250-க்கு எடுக்க முடியாது.

ஜிபியு (கிராஃபிக்ஸ் அட்டை) பக்கம் என்விடியாவின் பாராபிரிக்ஸ். அலைன்மென்ட், சார்ட், டூப்ளிகேட் (நகல் ரீடுகள்) குறிப்பது எல்லாம் ஒரே ஓட்டத்தில் முடியும். வாரத்துக்கு இரண்டு மாதிரி வரும் இடத்தில் அந்த அட்டை சும்மா தூங்கும். மெதுவான நெட்வொர்க் டிஸ்க்கிலிருந்து கோப்பு வந்தாலும் அதே தூக்கம்தான்.

எதை எடுத்தாலும் ரேம் கணக்கைக் கையால் போடுங்கள். சாம்டூல்ஸ் சார்ட்டின் ‘எம்’ (-m) ஆப்ஷன் ஒரு த்ரெட்டுக்கான அளவு. 16 த்ரெட்டுக்கு 4 ஜிபி என்று கொடுத்தால் மொத்தம் 64 ஜிபி. அதே கணினியில் அலைனருக்கு இடமில்லை, கெர்னல் ஏதோ ஒன்றைக் கொன்றுவிடும். 8 த்ரெட், 2 ஜிபி போதும். பைப்பில் எது தோற்றாலும் முழு ஓட்டமும் தோற்றதாகக் காட்டும் பைப்ஃபெயிலை ஸ்கிரிப்ட்டின் தலையில் போட்டு வையுங்கள். அது இல்லையென்றால், அலைனர் நடுவில் செத்தாலும் சார்ட் அதுவரை வந்ததை அடுக்கி, முழுக் கோப்பு போலவே முடித்துக் கொடுக்கும். இறுதி முத்திரை சரியாக இருப்பதால் சாம்டூல்ஸின் குயிக்செக் சோதனையிலும் கோப்பு தேறிவிடும். சாம்டூல்ஸின் எண்ணிக்கைக் கட்டளையான ஃப்ளாக்ஸ்டாட்டில் ரீட் எண்ணிக்கையை மூலக் கோப்போடு ஒப்பிட்டால்தான் குட்டு வெளிப்படும்.