பச்சைக் குறியை நம்பி வாங்கலாமா? ஸ்டீம் டெக் ஓஎல்இடி, ஒன்றரை ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஸ்டீம் டெக் வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் அடுத்த மூச்சிலேயே இன்னொன்றையும் கேட்கிறார்கள். இனி வரப்போகும் பெரிய பிசி விளையாட்டுகளை, இந்தக் கையடக்கக் கருவியில் ஒழுங்காக ஓடும்படி அந்தந்த நிறுவனங்கள் செய்து தருமா என்பதே அது. கருவியின் தரத்தைப் பற்றி எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. ஆனால் அந்த இரண்டாவது கேள்விக்கு, வாங்கிய புதிதில் நான் சொன்ன பதிலை இன்று சொல்லமாட்டேன். விற்பனை கூடக் கூட எல்லா நிறுவனங்களும் தாமாகவே வழிக்கு வந்துவிடும் என்று அப்போது நினைத்தேன். சில வந்தன, பல வரவில்லை. வந்தவற்றில்கூட வேலையைச் செய்தவர் யார் என்று பார்த்தால், பாதி நேரம் அது விளையாட்டை உருவாக்கிய நிறுவனமே அல்ல.

முதலில் கருவி. வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரியில் முதல் ஸ்டீம் டெக்கையும், 2023 நவம்பரில் ஓஎல்இடி திரை கொண்ட இந்த மாதிரியையும் வெளியிட்டது. திரை 7 அங்குலத்திலிருந்து 7.4 அங்குலமாக வளர்ந்தது; திரையின் புதுப்பிப்பு வேகம் 60 ஹெர்ட்ஸிலிருந்து 90 ஆனது; பேட்டரி 40 வாட்-மணியிலிருந்து 50 ஆனது; எடை மட்டும் 669 கிராமிலிருந்து 640 ஆகக் குறைந்தது. சிப் 6 நானோமீட்டர் நுட்பத்துக்கு மாறியதால் சூடும் மின்விசிறிச் சத்தமும் குறைந்திருக்கின்றன. மற்றபடி அதே ஏஎம்டி ஜென் 2 வகையின் நான்கு கோர்கள், அதே ஆர்டிஎன்ஏ 2 வகையின் எட்டு கிராபிக்ஸ் அலகுகள், சிபியுவும் கிராபிக்ஸும் பங்கிட்டுக்கொள்ளும் அதே 16 ஜிபி நினைவகம், அதே 15 வாட் உச்சவரம்பு. நினைவகத்தின் வேகம் சற்றுக் கூடியதைத் தவிர, விளையாட்டை ஓட்டும் திறனில் இது 2022ஆம் ஆண்டின் கருவிதான். வாங்குபவர் இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் ஏமாற்றம் இருக்காது.

திரையைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் விட மனம் வரவில்லை. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, குகைக்குள் நடக்கும் விளையாட்டு எதையாவது திறந்து பாருங்கள். கறுப்பு என்றால் உண்மையிலேயே கறுப்பு; திரையின் விளிம்பு எங்கே முடிகிறது என்றே தெரியாது.

இனி பேட்டரி. வைகை எக்ஸ்பிரஸில் சென்னை எழும்பூரிலிருந்து மதுரைக்குப் போகும்போதுதான் நான் இந்தக் கருவியை அதிகமாகப் பயன்படுத்துகிறேன். பெரிய திறந்தவெளி விளையாட்டு ஒன்றை, எந்த வரம்பும் வைக்காமல், முழு சார்ஜில் தொடங்கினால் விழுப்புரம் வருவதற்குள் பேட்டரி எச்சரிக்கை வந்துவிடுகிறது. அதே பயணத்தில், நொடிக்கு 40 ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் படங்கள்) என்று வரம்பு வைத்து, மின்சாரத்தை 8 வாட்டுக்குள் கட்டிப்போட்டு ஒரு சீட்டாட்ட விளையாட்டை ஆடினால் திண்டுக்கல் வரை கவலை இல்லை. பவர் பட்டனைத் தட்டி உறங்கவிட்டு, டீ குடித்து முடித்து, மறுபடி தட்டினால் விட்ட இடத்தில் விளையாட்டு நிற்கிறது. இந்த ஒரு வசதிக்காகவே பல விண்டோஸ் கையடக்கக் கருவிகளைவிட இதை மேலே வைப்பேன்.

40 ஃபிரேம் என்பது ஏதோ நடுவில் பிடித்த எண் அல்ல. நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 33.3 மில்லிநொடி, 60 என்றால் 16.7 மில்லிநொடி. இவ்விரண்டுக்கும் சரிபாதியான 25 மில்லிநொடி, 40 ஃபிரேமில்தான் கிடைக்கிறது. எண்ணிக்கையில் பத்துதான் கூடுதல் என்றாலும், கைக்கு அது 60க்குப் போகும் வழியில் பாதித் தூரம் வந்துவிட்டது போலத் தெரியும். 60 ஹெர்ட்ஸ் திரை மட்டும் உள்ள கருவியில் 40 ஃபிரேம் சீராக வராது. டெக் தன் திரையின் வேகத்தையே அதற்கேற்ப மாற்றிக்கொள்வதால் இங்கே அது சாத்தியமாகிறது. எந்த விளையாட்டு நிறுவனத்தையும் கேட்காமல், கருவியின் பக்கத்திலிருந்தே செய்துவிட்ட ஆப்டிமைசேஷன் (கருவிக்கேற்ப ஒழுங்காக ஓடச் செய்யும் வேலை) இது.

அப்படியானால் விளையாட்டை உருவாக்குபவர்கள் செய்ய வேண்டியது என்ன? கிராபிக்ஸைக் குறைப்பதுதான் முழு வேலை என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது பிற்பாடு வருவது. அண்மையில் வாங்கிய விளையாட்டு ஒன்றில் (பெயர் வேண்டாம்) ஃபிரேமுக்குக் குறைவே இல்லை. ஆனால் முதல் தடவை திறந்ததும் அந்த நிறுவனத்தின் சொந்த லாஞ்சர் (விளையாட்டுக்கு முன்னால் திறக்கும் தனி மென்பொருள்) எழுந்து நின்று, மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கேட்டது. ஓடும் ரயிலில், திரை விசைப்பலகையில், கட்டைவிரலால் பதினான்கு எழுத்துக் கடவுச்சொல்லை இரண்டு முறை தட்டி உள்ளே போனால், பொருட்களின் விவரங்கள் எறும்பு ஊர்ந்த தடம் போன்ற எழுத்தில் இருந்தன. மேசை மேலுள்ள 27 அங்குலத் திரைக்காக அமைத்த எழுத்து அது. எழுத்தின் அளவைக் கூட்ட அமைப்புகளில் இடமே இல்லை. எழுத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பட்டை சேர்க்கும் வேலைக்கு எந்த சூப்பர் கம்ப்யூட்டரும் தேவையில்லை. சேர்க்க வேண்டும் என்று யாராவது நினைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வால்வ் இந்த விஷயத்தை ஓரளவு முறைப்படுத்தியிருக்கிறது. கன்ட்ரோலர் முழுவதும் வேலை செய்கிறதா, எழுத்துகள் 1280×800 திரையில் குறைந்தது 9 பிக்சல் உயரமாவது இருக்கின்றனவா, லாஞ்சர் குறுக்கே வருகிறதா, இயங்குதளத்துடன் பொருந்துகிறதா என்றெல்லாம் பார்த்து, தேறியவற்றுக்குப் பச்சைக் குறி, சிறு சங்கடங்களுடன் ஓடுபவற்றுக்கு மஞ்சள் குறி எனத் தருகிறது. தகுதி பெற ஆப்டிமைசேஷன் நிபுணர் வேண்டாம், பொறுப்பு இருந்தால் போதும் என்பதால், இந்தக் குறி பல நிறுவனங்களைச் சின்னச் சின்ன வேலைகளைச் செய்ய வைத்திருக்கிறது. ஆனால் பச்சைக் குறியை வேகத்துக்கான உத்தரவாதமாக எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம்.

இதற்கு பால்டர்ஸ் கேட் 3 என்ற விளையாட்டைவிட நல்ல உதாரணம் இல்லை. 2023 ஆகஸ்டில் வெளிவந்தபோதே அது பச்சைக் குறி பெற்றிருந்தது. முதல் இரண்டு அங்கங்கள் காடு, கோட்டை, குகை என்று போவதால் டெக் சமாளித்துவிடும். மூன்றாம் அங்கத்தில் விளையாட்டு ஒரு பெரிய நகரத்துக்குள் நுழைகிறது. தெருவெங்கும் மனிதர்கள், ஒவ்வொருவரும் எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்று சிபியு கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். நிழலையும் நிறத்தையும் எவ்வளவு குறைத்தாலும் அந்தக் கணக்கு குறையாது. ஆகவே ஃபிரேம்கள் 30க்கும் கீழே சரிந்தன. பச்சைக் குறி மட்டும் அப்படியே இருந்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 செப்டம்பரில், அதை உருவாக்கிய லாரியன் நிறுவனம் ஸ்டீம் டெக்குக்கென்றே, அதன் இயங்குதளமான லினக்ஸில் நேரடியாக ஓடும் பதிப்பைக் கொடுத்தது. அதுவரை விண்டோஸ் பதிப்புதான் புரோட்டான் என்ற இடைநிலை மென்பொருள் வழியாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடைத்தரகு நீங்கியதால் சிபியுவின் சுமையும் நினைவகச் செலவும் குறைந்தன. நகர நெரிசல் முற்றிலும் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன், ஆனால் தடுமாற்றம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. இந்தப் பதிப்பு பிறந்த கதைதான் என் கேள்விக்குப் பாதி விடை. ஒரே ஒரு பொறியாளர் அலுவலக நேரம் முடிந்த பிறகு, தன் ஆர்வத்தால் தொடங்கிய வேலை அது என்று நிறுவனத்தின் தலைவர் ஸ்வென் வின்கேவே சொன்னார். 2023ஆம் ஆண்டின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்றான விளையாட்டுக்கே, கையடக்கக் கருவிக்கான ஆப்டிமைசேஷன் அட்டவணையில் இடம் பிடித்து வரவில்லை. ஒருவரது மாலை நேரத்திலிருந்து வந்தது.

மீதிப் பாதி விடை வால்விடம் இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் கிராபிக்ஸ் மென்பொருளான டைரக்ட்எக்ஸ் 12இல் எழுதிய விளையாட்டுகள், திரையில் புதிதாக ஒன்று வரும்போதெல்லாம் அதற்கான ஷேடரை (ஒளியும் நிறமும் வரையும் சிறு நிரலை) அந்தந்தக் கணினியின் கிராபிக்ஸ் சிப்புக்கு ஏற்ப மொழிபெயர்க்க வேண்டியிருப்பதால், விளையாடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கணம் உறைந்து நகரும். 2022இல் எல்டன் ரிங் பிசியில் வெளிவந்தபோது இப்படிப்பட்ட திக்கல்கள்தான் பெரும் புகாராக இருந்தன. எல்லா ஸ்டீம் டெக்கிலும் ஒரே வகைச் சிப் இருப்பதால், வால்வ் அந்த மொழிபெயர்ப்பை முன்கூட்டியே செய்து விளையாட்டுடன் சேர்த்தே இறக்கித் தந்துவிடுகிறது. அதோடு புரோட்டானுக்குள்ளும் எல்டன் ரிங்குக்கான திருத்தங்களைச் செய்தது. விளைவாக, பல மடங்கு விலையுள்ள கணினிகளில் திக்கிய விளையாட்டு இந்தக் கையளவுக் கருவியில் அவற்றைவிடச் சீராக ஓடியது. விளையாட்டை உருவாக்கியவர்கள் டெக்குக்காகத் தனியாக எதுவும் செய்ததாகத் தெரியவில்லை.

இந்த 'எல்லாவற்றிலும் ஒரே சிப்' என்பதுதான் டெக்கின் மறைவான பலம். ஏசஸ் ராக் ஆலை (ROG Ally), லெனோவோ லீஜியன் கோ, எம்எஸ்ஐ கிளா என்று விண்டோஸ் கருவிகள் வரிசையாக வந்தன. வேகத்தில் பல டெக்கை மிஞ்சுகின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை, ஒரு சிப், ஒரு மின் அளவு. ராக் ஆலையின் 1920×1080 திரையில் டெக்கைப் போல இரண்டு மடங்கு பிக்சல்கள். கூடுதல் வேகத்தில் பெரும்பகுதி அவற்றை நிரப்பவே போய்விடுகிறது. விளையாட்டு நிறுவனம் எதைக் குறிவைத்து வேலை செய்யும்? டெக் என்றால் ஒரே ஒரு கருவியை வாங்கி மேசையில் வைத்துச் சோதித்துவிடலாம். மைக்ரோசாஃப்டும் இதைப் புரிந்துகொண்டது போலிருக்கிறது. 2025 அக்டோபரில் ராக் எக்ஸ்பாக்ஸ் ஆலை வந்தபோது, கையடக்கக் கருவிகளுக்கான தனி முத்திரையையும், ஷேடர்களை முன்னரே தயாரித்து அனுப்பும் ஏற்பாட்டையும் சேர்த்தே கொண்டுவந்தது.

வால்வ் எவ்வளவு உழைத்தாலும் தீராத இடங்கள் இரண்டு. ஒன்று, விளையாட்டுகளை உருவாக்கப் பயன்படும் மென்பொருளான அன்ரியல் எஞ்சின் 5இன் ஒளியமைப்பை முழுதாக நம்பி எழுதப்படும் புதிய பெரிய விளையாட்டுகள். எஃப்எஸ்ஆர் போன்ற அப்ஸ்கேலிங் (சிறிய படத்தை வரைந்து பெரிதாக்கும் நுட்பம்) இருக்கிறதே என்பார்கள். 4கே திரையில் அது பெர்ஃபார்மன்ஸ் நிலையில் 1080பி படத்தை எடுத்துப் பெரிதாக்குகிறது. அங்கே மூலத்திலேயே விவரம் நிறைய உண்டு. டெக்கின் திரையில் அதே நிலையில் கிடைக்கும் மூலப்படம் 640×400தான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? தலைமுடியும் புல்லும் நீரில் கரைந்த சாயம் போல ஆகிவிடுகின்றன.

இரண்டாவது இடத்தில் வேகம் பிரச்சினையே அல்ல. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்ற ஆன்லைன் சுடும் விளையாட்டு டெக்கில் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. லினக்ஸ் வழியாக வரும் ஏமாற்று வேலைகளைக் காரணம் காட்டி, 2024 அக்டோபர் இறுதியில் அதை வெளியிடும் ஈஏ நிறுவனம் டெக்கில் அதை நிறுத்திவிட்டது. ஜிடிஏ ஆன்லைனும் அதற்கு முந்தைய மாதம் பேட்டில்ஐ என்ற ஆன்டி-சீட் (ஏமாற்றைத் தடுக்கும் மென்பொருள்) சேர்க்கப்பட்டதும் டெக்கில் மூடப்பட்டது. பேட்டில்ஐ புரோட்டானை 2021 முதலே ஆதரிக்கிறது. விளையாட்டை நடத்துபவர் கேட்டுக்கொண்டால் போதும். நண்பர்களுடன் ஆன்லைனில் சுடுவதுதான் உங்கள் பொழுதுபோக்கு என்றால் இந்தக் கருவி உங்களுக்கு ஆகாது.

சைபர்பங்க் 2077 2022லேயே டெக்குக்கெனத் தனி கிராபிக்ஸ் அமைப்பைச் சேர்த்தது. நோ மேன்ஸ் ஸ்கையும் தொடர்ந்து கவனித்துவருகிறது. இரண்டுமே வெளியான அன்று வசை வாங்கி, பிறகு பல ஆண்டுகள் செப்பனிடப்பட்டவை. இன்னமும் விற்றுக்கொண்டிருக்கும் பழைய விளையாட்டுக்குப் புதிய வாடிக்கையாளர் தேவை, அதனால் டெக்கைத் தேடி வருகிறார்கள். வெளியீட்டு நாளை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும் புதிய விளையாட்டுக்கு அந்த அவகாசமும் இல்லை, அவசியமும் இல்லை. 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2 இதைக் கொஞ்சம் மாற்றலாம் என்பது என் கணிப்பு. அங்கே கோடிக்கணக்கில் விற்க வாய்ப்பு இருப்பதால், சின்ன சிப்புக்காகக் கணக்கைக் குறைக்கும் வேலையை எப்படியும் செய்தாக வேண்டும்; அதில் ஒரு பங்கு டெக்குக்கும் கசியும்.

ஆகவே என் பரிந்துரை இது. ஹேடிஸ், வாம்பயர் சர்வைவர்ஸ், பலாட்ரோ போன்றவற்றையும், 2022 வரை வந்த பெரிய விளையாட்டுகளையும் வால்வின் விளையாட்டுக் கடையான ஸ்டீமில் உள்ள உங்கள் கணக்கில் குவித்துவைத்துத் தொடாமல் இருக்கிறீர்கள் என்றால் தயங்காமல் வாங்குங்கள். அடுத்த ஆண்டு வரும் விளையாட்டுக்காக வாங்குவதாக இருந்தால் வேண்டாம். வெளியானபோது 512 ஜிபி மாதிரி 549 டாலர், 1 டிபி மாதிரி 649 டாலர். வால்வ் இதை இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. இறக்குமதிக் கடைகளில் வாங்கினால் விலை எகிறும், வாரண்டி அந்தக் கடைக்காரரின் வாய்ச்சொல்தான். என்னுடையதை வெளிநாட்டிலிருந்து வந்த அத்தை மகன் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான். 512 ஜிபி மாதிரியே போதும். மெமரி கார்டிலிருந்தும் பெரும்பாலான விளையாட்டுகள் தடையின்றி ஓடுகின்றன. வாங்கிய பிறகு எந்த விளையாட்டுக்கும் பணம் கட்டும் முன், பச்சைக் குறியைப் பார்ப்பதோடு நிற்காமல், அந்த விளையாட்டின் கடைசிப் பகுதியை யாராவது டெக்கில் ஆடிய காணொளியைத் தேடிப் பாருங்கள். முதல் ஒரு மணி நேரத்தை எல்லாரும் செம்மையாகவே செய்திருப்பார்கள்.