நடந்து நடந்து ஓடுவதா, நிற்காமல் மெல்ல ஓடுவதா?

ஓடத் தொடங்கிக் கைவிட்டவர்களிடம் காரணம் கேட்டால் முதலில் ‘நேரமில்லை’ என்பார்கள். சற்றுப் பொறுத்துக் கேட்டால்தான் உண்மை வெளியே வரும். முதல் நாளே மூச்சு முட்ட ஓடியிருப்பார்கள். மறுநாள் படியிறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள். மூன்றாவது வாரம் கணைக்கால் வலித்திருக்கும். ஷூ கட்டிலுக்கடியில் போயிருக்கும். அந்தக் கூட்டத்தில் நான் இரண்டு முறை இருந்திருக்கிறேன். மூன்றாவது முறைதான் ஓட்டம் ஒட்டிக்கொண்டது. இதற்கிடையில், புதியவர்களுக்கென்று சொல்லப்படும் மூன்று முக்கிய வழிகளையும் ஒவ்வொன்றாகச் சில மாதங்கள் பின்பற்றிப் பார்த்துவிட்டேன்.

மூன்றும் முட்டிக்கொள்வது ஒரே கேள்வியில்தான். நடையை என்ன செய்வது?

முதலாவது, ஒன்பது வார அட்டவணை. ‘கவுச் டு 5கே’ (சோபாவிலிருந்து 5 கிலோமீட்டருக்கு) என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவியிருக்கும் இதை 1996இல் ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர் எழுதினார். ஓடிப் பழக்கமில்லாத தன் அம்மாவையும் ஓட வைக்க வேண்டும் என்பது அவருடைய நோக்கம். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு ஏறக்குறைய அரை மணி நேரம். முதல் வாரத்தில் ஐந்து நிமிட விறுநடை, அதன்பின் 60 நொடி ஓட்டம், 90 நொடி நடை என்று மாறி மாறி 20 நிமிடம். கடைசி வாரத்தில் 30 நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். இங்கே நடை ஓர் ஊன்றுகோல். வாரம் ஏற ஏற அதைக் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொள்வார்கள்.

இரண்டாவது, ஜெஃப் கேலோவேயின் நடையோட்டம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய இவர், புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியபோது கண்டுகொண்ட வழி இது. நடையை எப்போதுமே கைவிட வேண்டாம் என்பதுதான் இதன் அடிநாதம். முதல் நிமிடத்திலிருந்தே நடை இடைவேளை உண்டு. களைத்த பிறகு அல்ல, களைப்பதற்கு முன்பே நடக்க வேண்டும். இப்படியே மாரத்தான் முடித்தவர்கள் ஏராளம்.

மூன்றாவது, ஜப்பானின் ஃபுகுவோகா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹிரோவாகி தனாகா பரப்பிய மெல்லோட்டம். நடைக்கு வேலையே இல்லாத அளவுக்கு ஓட்டத்தின் வேகத்தைக் குறைத்துவிடு என்கிறது இது. ‘நிகோ நிகோ’ வேகம் என்று அவர் பெயர் வைத்தார். நம் ‘கலகல’, ‘குறுகுறு’ போல, புன்சிரிப்பைக் குறிக்கும் ஜப்பானிய இரட்டைக்கிளவி. முகத்தில் சிரிப்பு மாறாமல் ஓட முடிகிற வேகம். நிமிடத்துக்கு 180 வரை குட்டிக் குட்டி அடிகள், முன்பாதத்தில் மெதுவாகப் பதியும் கால். தொடக்கத்தில் பக்கத்தில் நடந்து வருபவர் நம்மோடு சேர்ந்தே வரலாம்.

மூச்சு

அட்டவணை வழியில் பெரும்பாலோர் சறுக்குவது முதல் வாரத்திலேயே. ‘60 நொடிதானே’ என்று நாய் துரத்துவதுபோல ஓடிவிடுகிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். அட்டவணையில் எங்கும் வேகமாக ஓடு என்று எழுதியிருக்கவில்லை. பள்ளிக்கூட விளையாட்டு விழாவின் நூறு மீட்டர் ஓட்டம்தான் என் தலைக்குள் இருந்தது. சில நொடிகளில் முடிய வேண்டிய வேகத்தை அறுபது நொடிக்கு இழுத்தால், அடுத்துவரும் 90 நொடி நடையில் இதயம் இறங்கிவரவே நேரம் போதாது. ஐந்தாவது சுற்றில் கண்ணைக் கட்டும்.

இந்த விஷயத்தில் மெல்லோட்டம் கைகளைத் தூக்கிக்கொண்டு ஜெயிக்கிறது. அதன் மூலக்கருத்து தனாகாவுக்கும் முந்தையது. 1960களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட், நடுத்தர வயதைத் தாண்டியவர்களைக் கூட்டிக்கொண்டு மெதுவாக ஓடினார். 1962இன் இறுதியில் அங்கே வந்த அமெரிக்கப் பயிற்சியாளர் பில் போவர்மேன் அவர்களோடு சேர்ந்து ஓடிப் பார்த்தார். ஒலிம்பிக் வீரர்களை உருவாக்கியவர், பின்னாளில் நைகி நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். எழுபதைக் கடந்த, மாரடைப்பு வந்து மீண்ட ஒரு பெரியவர் அவருக்குத் துணையாகப் பின்னால் தங்கி, பேசிக்கொண்டே ஓடினார். போவர்மேனுக்குப் பதில் சொல்ல மூச்சில்லை. ஊர் திரும்பியதும் அவரே மெல்லோட்டத்தைப் பரப்பத் தொடங்கியது தனிக் கதை.

பேச முடிகிறதா என்பதுதான் இன்றைக்கும் சிறந்த அளவுகோல். முழு வாக்கியம் பேச வர வேண்டும். வாக்கியம் பாதியில் அறுந்தால் வேகம் அதிகம். கையில் கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பு எண்ணை ஆரம்பத்தில் பார்க்காமலே இருக்கலாம் என்பேன். ‘220இல் வயதைக் கழி’ என்ற கணக்கு ஆளுக்கு ஆள் கணிசமாகத் தவறும்.

கால்

இங்கேதான் பலரும் கவனிக்கத் தவறும் விஷயம் இருக்கிறது. ஓடத் தொடங்கியதும் இதயமும் இரத்த ஓட்டமும் சில வாரங்களிலேயே தேறிவிடுகின்றன. எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்காகும். நாலாவது வாரத்தில் ‘அட, மூச்சு வாங்கவே இல்லையே’ என்று உற்சாகத்தில் தூரத்தைக் கூட்டுகிறோம். கால் இன்னும் முதல் வாரத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் தரை நம் எடைக்குச் சற்று மேலாகத் திருப்பி அடிக்கிறது. ஓடும்போது எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு.

நடையோட்டத்தின் பலம் இதில்தான். நடக்கும் நிமிடங்களில் சுமை வேறு தசைகளுக்கு மாறுகிறது, மொத்த அடிகளின் எண்ணிக்கையும் குறைகிறது. எடை கூடியவர்கள், முழங்காலில் பழைய தொல்லை உள்ளவர்கள், பத்திருபது ஆண்டு நாற்காலியிலேயே கழித்தவர்கள் இதில் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். மெல்லோட்டத்தில் ஒவ்வோர் அடியும் மென்மைதான், ஆனால் அடிகள் அதிகம். முன்பாதத்தில் பதிவதால் கெண்டைக்கால் சதையும் குதிகால் தசைநாணும் கூடுதலாக உழைக்கின்றன. முதல் இரண்டு வாரம் எனக்குக் கெண்டைக்கால் கல்லாக இறுகிக் கிடந்தது. குதிகால் வலி ஏற்கெனவே இருப்பவர்கள் இதை யோசித்துத்தான் எடுக்க வேண்டும்.

அட்டவணை இதற்குச் சொல்லும் பதில், படிப்படியாகக் கூட்டுகிறோம் என்பது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் நெதர்லாந்தின் குரோனிங்கனில் புதியவர்கள் சில நூறு பேரை வைத்து நடத்தி 2008இல் வெளியான ஆய்வு வேறு பாடம் சொன்னது. ஒரு பிரிவுக்கு 8 வாரத் திட்டம்; இன்னொரு பிரிவுக்கு, வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டாத 13 வாரத் திட்டம். முடிவில் இரண்டிலுமே ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் காயம். ஆகவே ‘நான் பத்து சதவீதம்தான் கூட்டினேன்’ என்பது காப்பீடு ஆகாது. அட்டவணை என்ன சொன்னாலும் காலைக் கேட்டுத்தான் அடுத்த வாரத்துக்குப் போக வேண்டும். ஒரு வாரத்தை மூன்று முறை திரும்பச் செய்தாலும் யாரும் அபராதம் போடப்போவதில்லை.

எந்த வலிக்கு நிற்பது? தொடங்கும்போது இருந்து, பத்து நிமிடத்தில் கரையும் இறுக்கத்தைப் பொருட்படுத்த வேண்டாம். ஓட ஓடக் கூடும் வலிக்கு உடனே நில்லுங்கள். எலும்பின்மேல் ஒற்றை விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் வலி என்றால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். அது எலும்பில் விழத் தொடங்கும் விரிசலாக இருக்கலாம். நெஞ்சில் அழுத்தம், தலைச்சுற்றல் என்றால் எந்த வழியும் வேண்டாம், முதலில் மருத்துவர். நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

தொடர்ந்து போவது

மூச்சும் காலும் சரியாக இருந்தும் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். மனத்தைப் பிடித்து வைப்பதில் ஒன்பது வார அட்டவணைக்கு இணையில்லை. இன்று என்ன என்று யோசிக்கவே வேண்டாம்; செயலி சொல்லும், செய்துவிட்டு அன்றைய கட்டத்துக்குள் குறி போடலாம். அந்தக் குறியின் போதை லேசானதல்ல. அதன் ஐந்தாம் வாரம் புகழ்பெற்றது: முதல் நாள் ஐந்தைந்து நிமிடமாக மூன்று ஓட்டம், இரண்டாம் நாள் எட்டெட்டு நிமிடமாக இரண்டு, மூன்றாம் நாள் திடீரென்று 20 நிமிடம், நடையே கிடையாது. அந்த நாளைக் கண்டு முந்தின இரவே வயிறு கலங்கியவர்களில் நானும் ஒருவன். முடித்தபோது கிடைத்த மிதப்பை வேறு எந்த வழியும் எனக்குக் கொடுக்கவில்லை. முடிக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் தெரியும். முதல் முயற்சியில் அந்த நாளில்தான் ஷூவைக் கழற்றினேன். சூடு கண்ட பூனைபோல ஓராண்டு அந்தப் பக்கமே போகவில்லை.

நடையோட்டத்துக்கு எதிரி நம் கௌரவம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது கடிகாரம் ஒலிக்க, நடக்கத் தொடங்கினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று கூசுகிறது. யாரும் எதுவும் நினைப்பதில்லை. 2004இல் லண்டனின் புஷி பூங்காவில் 13 பேரோடு தொடங்கி இன்று பல நாடுகளில் சனிக்கிழமைகளில் இலவசமாக நடக்கும் ‘பார்க்ரன்’ 5 கிலோமீட்டரில், கடைசியாக வருபவருக்கும் பின்னால் நடந்து வருவதற்கென்றே ஒரு தொண்டரை நிறுத்துகிறார்கள். மெல்லோட்டத்தின் பாடு இன்னும் மோசம்: விறுவிறுவென்று நடப்பவர்கள் நம்மை முந்திக்கொண்டு போவார்கள். அதைத் தாங்கும் மனம் வாய்த்தவர்களுக்கு மூன்றிலும் இனிமையானது அதுதான். ஆனால் இலக்கோ முடிவோ இல்லாததால் சிலருக்கு ஒரு மாதத்தில் சலித்துவிடுகிறது.

டிரெட்மில்லா தெருவா, காலையா மாலையா என்ற சண்டைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எது தொடர்ந்து கைகூடுகிறதோ அது.

என்னைக் கேட்டால், முன்பு ஏன் விட்டீர்கள் என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சோம்பலால் விட்டவருக்கு அட்டவணை. வலியால் விட்டவருக்கு நடையோட்டம். மூச்சுக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவருக்கு மெல்லோட்டம். இவற்றைக் கலக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. அட்டவணையின் 60 நொடிகளைப் புன்சிரிப்பு வேகத்தில் ஓடியிருந்தால் என் முதல் முயற்சியே பிழைத்திருக்கும்.

இப்போது நான் நாலு நிமிடம் மெல்ல ஓடி ஒரு நிமிடம் நடக்கிறேன், வாரத்துக்கு மூன்று நாள். இன்று காலை நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் என்னை முந்தினார். திரும்பி, இவ்வளவு மெதுவாக ஓடுவதற்கு ஏதாவது காரணம் உண்டா என்று கேட்டார். அவருக்கு இதையெல்லாம் ஓடிக்கொண்டே சொல்லி முடித்தேன்.