மூலமா, வெடிப்பா, வேறு ஏதாவதா? மலத்தில் ரத்தம் வந்தால் பிரித்துப் பார்ப்பது எப்படி

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி என்று டெல்டாவில் எந்த ஊருக்குப் போனாலும் "மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்" என்று ஒரு போர்டு கண்ணில் படும். வெளிக்குப் போகும்போது ரத்தம் வந்தால் அது மூலம்தான் என்று நாமும் முடிவு கட்டிவிடுகிறோம். உடம்புச் சூடு என்று சொல்லி மோர், கருணைக்கிழங்கு மசியல், துத்திக்கீரை எல்லாம் ஆரம்பமாகிவிடும். பெரும்பாலும் மூலமாகவோ, ஆசனவாய்த் தோல் கிழிந்து வரும் வெடிப்பாகவோதான் இருக்கும், அது உண்மை. ஆனால் அதே ரத்தம் பெருங்குடல் கட்டியிலிருந்தும் வரலாம், இரைப்பைப் புண்ணிலிருந்தும் வரலாம்.

முதலில் மூலத்தையும் வெடிப்பையும் எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் பொதுவான காரணம் மலச்சிக்கலும் முக்குவதும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள், ஒதுங்க இடமில்லை என்பதால் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள், வருகிற உணர்வையும் அடக்கிக்கொள்கிறார்கள். மலம் இறுகாமல் என்ன செய்யும்? கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் இந்த இரண்டும் நிறையப் பேருக்கு வருகின்றன.

வித்தியாசம் வலியில் இருக்கிறது. உள்மூலம் பொதுவாக வலிக்காது. மலம் போய் முடியும் நேரத்தில் பளிச்சென்ற சிவப்பில் சொட்டுச் சொட்டாக விழும், சில சமயம் பீச்சியடித்து பீங்கானில் தெறிக்கும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் ஆள் நன்றாகவே இருப்பார். வெடிப்பு இதற்கு நேர் எதிர். ரத்தம் கொஞ்சம்தான், மலத்தின் மேல் ஒரு கோடாகத் தெரியும். வலியோ பிளேடால் கிழித்தது போல இருக்கும். போய் வந்து இரண்டு மணி நேரமானாலும் நிம்மதியாக உட்கார முடியாது. அந்த வலிக்குப் பயந்து மறுநாள் அடக்குவார்கள், மலம் இன்னும் இறுகும், புண் மறுபடி கிழியும்.

வைத்தியமும் வேறு வேறு. புதிய வெடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். நார்ச்சத்து, போதுமான தண்ணீர், வெதுவெதுப்பான நீரில் தினமும் சிறிது நேரம் உட்காருவது, தசையைத் தளர்த்த மருத்துவர் எழுதித் தரும் களிம்பு, இவை போதும். மூலத்துக்கும் ஆரம்பத்தில் சாப்பாடும் பழக்கமும்தான் மருந்து. அடங்காவிட்டால் மூலத்தின் அடியில் ரப்பர் வளையம் போடுவார்கள். அதற்குப் பொதுவாக மயக்க மருந்துகூட வேண்டாம். முற்றியவற்றுக்குத்தான் அறுவை சிகிச்சை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். அதை மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்துபோகும்.

பவுத்திரத்தையும் மூலத்தையும் ஒரே பெயரில் சேர்த்துப் போர்டில் எழுதுகிறார்கள், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பவுத்திரத்தில் பிரதானம் சீழ். ஆசனவாய்க்குப் பக்கத்தில் கட்டி வந்து உடைந்து, அந்த வாய் மூடாமல் கசிந்துகொண்டே இருக்கும்.

இனி, அதிகம் கவனிக்க வேண்டியது. மலக்குடலிலோ பெருங்குடலிலோ புற்றுநோய்க் கட்டி இருந்தால் அதுவும் ஆரம்பத்தில் வலிக்காது. 'வலியில்லாத ரத்தம், அதனால் மூலம்' என்கிற கணக்கு இங்கேதான் உதைக்கிறது. பிரித்துப் பார்க்கச் சில அடையாளங்கள் உண்டு. மூலத்தில் ரத்தம் மலத்துக்குப் பிறகு தனியாக விழும். கட்டியில் பெரும்பாலும் மலத்தோடு கலந்து, கொஞ்சம் கருஞ்சிவப்பாக, சளியோடு வரும். பல வருடப் பழக்கம் திடீரென மாறும். சில நாள் சிக்கல், சில நாள் பேதி. போய்விட்டு வந்தும் இன்னும் மிச்சம் இருப்பது போல உணர்வு. மலம் மெலிந்து வருவது. காரணமில்லாமல் எடை குறைவது. ரத்தசோகை. இதில் ஒன்றிரண்டு, வாரக்கணக்கில் நீடித்தாலே போய்க் காட்ட வேண்டும். 45 வயதைத் தாண்டியவர்களும், அப்பா, அம்மா, அண்ணன், தங்கை யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்தவர்களும் இந்த அடையாளங்களுக்காகக் காத்திருக்கவே கூடாது. இளவயது என்று அசட்டையாக இருக்கவும் வேண்டாம், முப்பதுகளிலும் இது வருகிறது.

இன்னொன்று. மூலம் இருப்பது உறுதியாகத் தெரிந்தவருக்கும் கட்டி சேர்ந்து இருக்கலாம். 'எனக்குத்தான் பத்து வருடமா மூலம் இருக்கே' என்பது ஒரு பதில் ஆகாது. ரத்தத்தின் தன்மை மாறினால் புதிதாகப் பார்த்தாக வேண்டும்.

வயிற்றுக் கடுப்பு, காய்ச்சல், சீதமும் ரத்தமுமாக அடிக்கடி போவது என்றால் அது ரத்தபேதி. மழை வெள்ளம் புகுந்து குடிநீர் கெட்டுப்போகும் நாட்களில் இதை முதலில் சந்தேகிக்கலாம். வாரக்கணக்கில் நிற்காத ரத்தபேதி, அதுவும் இளம் வயதில் என்றால், குடல் அழற்சி நோயா என்று பார்ப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வலியில்லாமல் ரத்தம் வந்தால் குடலில் வளரும் சிறு சதையாக இருக்கலாம், பெரும்பாலும் ஆபத்தில்லாதது, ஆனால் காட்ட வேண்டும்.

சிவப்பைவிட எனக்குப் பயம் தருவது கறுப்பு. தார் மாதிரிப் பிசுபிசுத்து, தாங்க முடியாத நாற்றத்தோடு மலம் வந்தால் ரத்தம் மேலே இரைப்பைப் பக்கம் கசிந்து, இறங்கி வருகிறது என்று பொருள். மூட்டு வலிக்கும் இடுப்பு வலிக்கும் கடையில் வாங்கித் தொடர்ந்து விழுங்கும் வலி மாத்திரைகள் இதற்கு ஒரு பெரிய காரணம். குடியால் கல்லீரல் கெட்டவர்களுக்கும் இப்படி வரும். அன்றைக்கே ஆஸ்பத்திரி. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், ஆனால் அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இருக்காது. பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிவப்பாகத் தெரிந்தால் பதற வேண்டாம்.

இத்தனையும் பார்க்கிறவருக்குத்தான் தெரியும். வாய்க்கால் கரைக்குப் போகிறவர் நிறத்தைக் கவனிப்பதே இல்லை. வெஸ்டர்ன் கழிப்பறையில் நாலு சொட்டு விழுந்தாலே தண்ணீர் முழுக்கச் சிவந்துவிடும், அளவு பிடிபடாது.

சரி, யாரிடம் காட்டுவது? கருணைக்கிழங்கும் கீரையும் உணவாக நல்லவை, மலத்தை இளக்கும், நான் தடுக்க மாட்டேன். ஆனால் காரணம் தெரிந்த பிறகு சாப்பிடுங்கள். போர்டு வைத்து, என்ன மருந்து என்றே சொல்லாமல் ஊசி போடும் இடங்களுக்குப் போக வேண்டாம் என்றே சொல்வேன். தவறான மருந்தால் ஆசனவாய் வெந்து, ஆறும்போது சுருங்கிவிடும்.

அறுவை சிகிச்சைப் பிரிவில் நடப்பது இவ்வளவுதான்: இடது பக்கம் ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுக்கச் சொல்வார்கள். கையுறையில் ஜெல்லி தடவி விரலால் பார்ப்பார்கள், பிறகு ஒரு சிறு குழாய். சில நிமிடங்களில் முடிந்துவிடும். மலக்குடலின் கீழ்ப்பகுதியில் கட்டி இருந்தால் அந்த விரலுக்கே தட்டுப்படும். சந்தேகம் இருந்தால் கொலோனோஸ்கோப்பி, அதாவது கேமரா வைத்த குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை. வெட்கத்தால் தள்ளிப்போடும் பெண்கள், பெண் மருத்துவரோ கூட ஒரு நர்ஸோ வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காலையிலேயே போய்ச் சீட்டு போட்டுக்கொள்ளுங்கள், சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள், ஆஸ்பிரின் போல ரத்தம் உறையாமல் இருக்கத் தருபவற்றை முக்கியமாக. உளுந்து அறுவடை முடியட்டும், பொங்கல் போகட்டும் என்று தள்ள வேண்டாம். ரத்தம் நிற்காமல் போனாலோ, கட்டி கட்டியாக விழுந்தாலோ, தலைசுற்றி கண் இருட்டினாலோ, வியர்த்துப் படபடத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.