நாவற்குழியா, கிளிநொச்சியா? யாழ்ப்பாணத்துக்கு ஒரு துணை நகரம்

யாழ்ப்பாண மாநகர சபையின் எல்லை ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர். போதனா வைத்தியசாலை, கச்சேரி (மாவட்டச் செயலகம்), பஸ் நிலையம், பெயர்பெற்ற பாடசாலைகள், வங்கிகள் எல்லாம் அதற்குள்தான். இரண்டு பரப்புக் காணியைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் ஒரே வளவுக்குள் இரண்டு வீடு, இரண்டு மலசலகூடக் குழி, நடுவில் ஒரு கிணறு. கீழே இருப்பதோ சுண்ணாம்புக்கல். குழியில் இறங்குவது கிணற்றுக்கு வந்து சேர அதிக நாள் பிடிக்காது. வெளியே ஒரு துணை நகரம் வேண்டும் என்று இங்கே பலர் சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. எங்கே என்பதில்தான் கருத்து வேறுபாடு.

பேச்சு பெரும்பாலும் இரண்டு இடங்களில் வந்து நிற்கிறது. ஒன்று, நகரத்திலிருந்து கடல்நீரேரியைக் கடந்தவுடன் வரும் நாவற்குழி – கைதடிப் பக்கம். மற்றது, ஏ9 வீதியில் 65 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போனால் வரும் கிளிநொச்சி. மாங்குளத்தை மாகாணத் தலைநகராக்கும் யோசனையும் பல காலமாக இருக்கிறது. வடக்கு முழுவதற்கும் அது நடுவிடம், சரி. ஆனால் யாழ்ப்பாணத்தின் நெரிசலை வாங்கிக்கொள்ள அது மிகத் தூரம். அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

இந்த இரண்டையும் எடைபோட எனக்குப் படிக்கல்லாக இருப்பது இந்தியாவில் மும்பைக்குத் துணை நகரமாகக் கட்டிய நவி மும்பை. ஏனென்றால் நாவற்குழிக்காரர் சொல்லும் காரணமும் கிளிநொச்சிக்காரர் சொல்லும் காரணமும் அங்கே நடைமுறையில் பரீட்சிக்கப்பட்டுவிட்டன. மும்பையின் நெரிசலைக் கடலுக்கு அப்பால் கொண்டுபோகலாம் என்று 1960களின் நடுவில் கட்டடக்கலைஞர்கள் சார்ல்ஸ் கொரியா, பிரவீணா மேத்தா, பொறியியலாளர் சிரிஷ் பட்டேல் மூவரும் எழுதினார்கள். 1970இல் சிட்கோ என்ற அரச நிறுவனம் தொடங்கியது. 95 கிராமங்களின் நிலம் உட்பட 344 சதுர கிலோமீட்டரில் திட்டம் போட்டார்கள். மாநில அரசின் தலைமைச் செயலகமே அங்கே போகும் என்பதுதான் எதிர்பார்ப்பு. அது போகவில்லை. அதே காலத்தில் தென்மும்பையில் நரிமன் முனையில் கடலை நிரப்பி அலுவலகக் கோபுரங்கள் எழுந்தன. நவி மும்பையின் வாசலான வாஷிக்குப் பாலம் 1973இல் வந்தது. ரயில் வர 1992 ஆகிவிட்டது. இடையில் 19 வருடம்! அவ்வளவு காலமும் வாஷியில் வீடு வாங்கியவர்களில் பலர் காலையில் பாலம் ஏறி மும்பைக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்பினார்கள்.

நாவற்குழியைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு இந்த வாஷிதான் கண்முன் நிற்கிறது. அதன் பலம் எல்லாம் கிட்ட இருப்பதுதான். பாலம் இருக்கிறது, ரயில் நிற்கிறது, மன்னாருக்குப் போகும் ஏ32 வீதி அங்கேதான் பிரிகிறது. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு பூநகரியும் அதன் வாசலுக்கு வந்துவிட்டது. மாகாண சபைக் கட்டடம் கைதடியில். ஒரு நகரத்துக்கு வேண்டிய எலும்புக்கூடு தயாராக இருப்பதுபோலத் தெரியும்.

ஆனால் அங்கே குடியேறுபவர் எங்கே வேலை செய்வார்? யாழ்ப்பாணத்தில்தான். மோட்டார் சைக்கிளில் இருபது நிமிடம். பிள்ளையைச் சேர்ப்பதும் நகரத்துப் பாடசாலையில்தான். அப்படியானால் நெரிசல் எங்கே குறைந்தது? காலை ஏழரைக்குச் செம்மணி வீதியில் இன்னும் ஆயிரம் வாகனம் கூடும், அவ்வளவுதான்.

நிலமும் ஒத்துழைக்காது. அது தாழ்ந்த உவர்நிலம். மாரியில் வெள்ளம் வடிந்து நிற்கும் இடம். பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டத்தில் இந்த உப்பாற்று நீரேரியை மறித்து நன்னீராக்குவது ஒரு முக்கிய பகுதி. மழைநீரைத் தேக்க வேண்டிய இடத்தின் கரையை மண்போட்டு உயர்த்தி வீடு கட்டினால், நாளைக்குக் குடிக்க வைத்திருக்கும் தண்ணீருக்கு இன்றே கழிவு சேரும். கொழும்புக்குப் பக்கத்தில் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையில் என்ன நடந்தது என்று பாருங்கள். கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா சதுப்பு நிலத்தைத் தோண்டி தியவன்னாவ ஏரியை அமைத்து நடுவில் நாடாளுமன்றத்தைக் கட்டினார். 1982இல் திறந்தார்கள். அழகான கட்டடம். சுற்றியிருந்த ஈரநிலங்கள் பிறகு நிரப்பப்பட்டுக்கொண்டே வந்தன. 2010 நவம்பர் மழையில் நாடாளுமன்ற வளவுக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது.

கிளிநொச்சிக்கு வருவோம். இதைப் புதிய யோசனையாகப் பேசுவதே எனக்குச் சரியாகப் படவில்லை. கிளிநொச்சி யாழ்ப்பாணத்தின் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் குறைக்க 1930களில் குடியேற்றத் திட்டமாகத் தொடங்கிய ஊர். இரணைமடுக் குளத்தை நம்பிக் காடு வெட்டிக் கமம் செய்யப் போனவர்கள் எங்களுடைய பாட்டன் பாட்டிமார்தான். 1984இல் தனி மாவட்டமாயிற்று. போர் அதை ஒரு முறைக்கு மேல் தரைமட்டமாக்கியது. 2009இல் அங்கே போனவர்கள் முதலில் கண்டது பக்கவாட்டில் சரிந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியை. அதற்குப் பிறகும் ஊர் எழுந்து நிற்கிறது. ரயில் 2013இல் வந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் அறிவியல் நகரில் இயங்குகின்றன. ஆடைத் தொழிற்சாலையும் அங்கே உண்டு.

குறை என்னவென்றால், ஆட்கள் போகிறார்கள், தங்குவதில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் அறிவியல் நகர்ச் சந்தியில் நின்றால் தெரியும். முதுகுப்பையும் உடுப்பு நிறைந்த பொலித்தீன் பையுமாக மாணவர்கள் யாழ்ப்பாண பஸ்ஸை மறிப்பார்கள். சனி, ஞாயிறு அந்த வீதி வெறிச்சோடிவிடும். படிப்பும் வேலையும் போயின. சந்தை, நல்ல வைத்தியம், மாலையில் குடும்பத்தோடு போக ஓர் இடம் போகவில்லை.

நவி மும்பையின் தலைவிதி மாறியதும் இதே இடத்தில்தான். தலைமைச் செயலகம் வராவிட்டாலும் 1980களிலும் 90களிலும் வெங்காயம், உருளைக்கிழங்கு தொடங்கி மும்பையின் மொத்த வியாபாரச் சந்தைகள் ஒவ்வொன்றாக வாஷிப் பக்கம் மாற்றப்பட்டன. சந்தை போனால் லொறி போகும், கூலியாள் போவார், தேநீர்க்கடை போகும், வாடகை வீடு வேண்டும். ரயில் பாதைச் செலவில் மூன்றில் இரண்டு பங்கை நகரத்தைக் கட்டிய சிட்கோவே ஏற்றது. பின்னர் நகரத்துக்கென்று மோர்பே அணையும் சொந்தமாயிற்று. 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சிக்குள் மட்டும் 11 லட்சம் பேர். திட்டம் போட்டவர்கள் கனவு கண்டது 20 லட்சம். ஆனாலும் அது நகரம்தான், யாரும் அதை வெறும் படுக்கையறை என்று இனிச் சொல்ல முடியாது.

எங்களுக்கு அந்த வெங்காயச் சந்தை எது? நான் வைத்தியசாலை என்று சொல்வேன். வடக்கில் ஒரே போதனா வைத்தியசாலை யாழ்ப்பாணத்தில். ஒருநாள் விடியற்காலை ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வயதான அம்மா பஸ்ஸால் இறங்கி, நெஞ்சோடு அணைத்த கிளினிக் கொப்பியுடன் வழி கேட்டார். எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்டேன். “முல்லைத்தீவால தம்பி. விடிய மூண்டரைக்கு வெளிக்கிட்டனாங்கள்” என்றார். கிளிநொச்சி மாவட்டத்தைத் தாண்டித்தான் வந்திருக்கிறார். அங்குள்ள மாவட்டப் பொது வைத்தியசாலையை இன்னொரு போதனா வைத்தியசாலையாக வளர்த்தால் அந்த அம்மாவுக்கு ஏறத்தாழப் பாதி வழி மிச்சம். வைத்தியர், தாதியர், மருந்துக்கடை, சாப்பாட்டுக்கடை, தங்குமிடம் என்று ஊர் தானாகக் கூடும்.

கிளிநொச்சியில் தவறினால் ஆபத்தாக முடியக்கூடிய விஷயங்கள் இரண்டு. ஒன்று தண்ணீர். இரணைமடு கமக்காரருடையது. அதிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் எடுக்கும் திட்டத்தை அவர்கள் எதிர்த்தார்கள், அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. கடைசியில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரித்து நாளொன்றுக்கு 24,000 கனமீட்டர் எடுக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. புதிய நகரமும் வயலின் தண்ணீரில் கைவைக்கக்கூடாது. ஏ9 ஓரத்து மேட்டுநிலத்தில் கட்டட்டும், பாய்ச்சல் காணிக்குள் ஒரு மதகையும் அடைக்கக்கூடாது.

மற்றது காணி. நவி மும்பையில் நிலம் பறிபோன கமக்காரர் 1984 ஜனவரியில் வீதிக்கு இறங்கினார்கள்; பொலிஸ் சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான், எடுத்த நிலத்தில் 12.5 சதவீதத்துக்குச் சமமான அளவு வசதி செய்யப்பட்ட காணி திருப்பிக் கொடுக்கப்படும் என்ற ஏற்பாடு வந்தது. எங்கள் கணக்கில் பாருங்கள்: ஓர் ஏக்கர் 16 பரப்பு. அதில் 12.5 சதவீதம் 2 பரப்பு. வீதியும் தண்ணீரும் மின்சாரமும் வந்த 2 பரப்பின் பெறுமதி பழைய ஏக்கரைவிடக் கூடலாம். ஆனால் வலிகாமம் வடக்கில் 1990இல் போரால் வெளியேற்றப்பட்டுத் தம் வளவைத் திரும்பப் பார்க்கவே முப்பது வருடம் காத்திருந்தவர்கள் உள்ள நாடு இது. ‘சுவீகரிப்பு’ என்ற சொல்லைக் கேட்டாலே காணி உறுதிப் பெட்டியைத் தேடுவார்கள். அதனால் காணிக்காரருக்குரிய பங்கை முதலே எழுதிக் கையில் கொடுத்துவிட வேண்டும். தீபகற்பத்தில் இது இன்னும் சிக்கல். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் ஒருவர் தன் பங்கை விற்றால் மற்றப் பங்காளிகளுக்கே முதலில் வாங்கும் உரிமை. அந்தப் பங்காளிகளோ ரொறன்ரோவிலும் பாரிஸிலும். நாவற்குழியைச் சுற்றிப் பத்து ஏக்கரை ஒன்றாகச் சேர்ப்பதற்குள் ஒரு தலைமுறை போய்விடும்.

ஆகவே என் தெரிவு கிளிநொச்சி. நாவற்குழி ஏ9உம் ஏ32உம் சேரும் சந்தி என்பதால் அங்கே மரக்கறி, நெல், மீன் லொறிகள் இறக்கி ஏற்ற ஒரு மொத்தச் சந்தை மட்டும் அமையட்டும், வீட்டுத்திட்டம் வேண்டாம். கிளிநொச்சியில் முதல் வேலை வைத்தியசாலை. இரண்டாவது, காலையிலும் மாலையிலும் யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே மட்டும் ஓடும் ஒரு சிறிய ரயில். கொழும்பு ரயிலின் நேரத்தை நம்பி யாரும் தினமும் வேலைக்குப் போக முடியாது. பாதை போட்டு ஆயிற்று, நிலையங்களும் இருக்கின்றன. வேண்டியது இரண்டு பெட்டியும் ஒரு நேர அட்டவணையும்.