என்.எம்.எம்.எஸ். பழைய வினாத்தாள் கட்டு: மூன்று வருடம், இரண்டு பிள்ளைகள்

என்.எம்.எம்.எஸ். என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு. அதன் பழைய வினாத்தாள்களை பாலக்கோட்டில் ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்ட ஒரு கட்டுதான், ஆனால் எங்கள் வீட்டில் பெரியவள் பாப்பா, சின்னவன் இரண்டு பேரும் அதை வைத்துத்தான் இந்தத் தேர்வுக்குத் தயாரானார்கள்.

முதலில் கைடுதான் வாங்கினேன். எண் தொடரில் இரண்டு இடத்தில் விடையே தப்பு. பாப்பா சரியாகப் போட்டுவிட்டு, தனக்குத்தான் வரவில்லை என்று ஒரு சாயங்காலம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். அன்றோடு அது பரணுக்குப் போய்விட்டது.

மனத்திறன் தேர்வில் 90 நிமிடத்துக்கு 90 கேள்வி. இவளோ ஒரு கண்ணாடி பிம்பக் கணக்கிலேயே ஆறு நிமிடம் உட்கார்ந்திருப்பாள், விடமாட்டாள். ஞாயிறு காலையில் அலாரம் கடிகாரம் வைத்து (போன் வேண்டாம், அது வேறு வேலைக்குப் போய்விடும்) எழுத வைத்தபிறகுதான் விட்டுவிட்டு நகரப் பழகினாள். தப்புக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், அதனால் எதையும் வெறுமனே விடக்கூடாது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஓ.எம்.ஆர். தாளையும் (விடைக் கட்டத்தைக் கருப்பாக்கும் தாள்) நகலெடுத்துக் கொடுங்கள். 34ஆம் கேள்வியை விட்டுவிட்டு 35இன் விடையை 34இல் கருப்பாக்கி, அப்புறம் கடைசிவரை எல்லாமே ஒரு கட்டம் தள்ளிப்போன கதை எங்கள் வீட்டிலேயே நடந்தது. பத்துக் கேள்விக்கு ஒரு தடவை எண்ணைச் சரிபார்க்கச் சொன்னேன், நின்றது.

தேர்வின் இன்னொரு தாளான பாடப் பகுதிக்கு இந்தக் கட்டு பெரிதாக உதவவில்லை. அறிவியலில் 35 கேள்வி, சமூக அறிவியலில் 35, கணக்கில் 20, கேட்டதையே திரும்பக் கேட்பதும் குறைவு. அதற்கு ஏழு, எட்டாம் வகுப்புப் புத்தகம்தான், அதிலும் 'உங்களுக்குத் தெரியுமா' பெட்டிகளைத் தாண்டிப் போகாதீர்கள்.

ஒரு குறை, அது என் தப்பு. பாப்பா போட்ட பென்சில் டிக்கை அழிக்காமலே தம்பியிடம் கொடுத்துவிட்டேன். மதிப்பெண் அள்ளுகிறானே என்று நான்கு வாரம் பூரித்துப் போயிருந்தேன்!

பாப்பாவுக்கு உதவித்தொகை கிடைத்தது. மாதம் 1000 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்பு வரை, வருடா வருடம் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. தம்பி தேர்ச்சி பெற்றான், உதவித்தொகைப் பட்டியலில் வரவில்லை. ஆனால் மனத்திறனில் அக்காவைவிட நாலு மதிப்பெண் கூட என்று இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறான். கட்டு இப்போது மாரண்டஹள்ளியில் என் தங்கை வீட்டில் இருக்கிறது. இந்தத் தடவை அழித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.